கியரை இழுக்கும் வயர், கியரைத் தள்ளும் மோட்டார்

ரோடு பைக்கில் கியர் மாற்றுவது என்றால், ஓடிக்கொண்டிருக்கும் செயினைப் பக்கவாட்டில் நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு நகர்த்துவதுதான். நகர்த்தும் கருவிக்கு டீரெயிலர் என்று பெயர். மெக்கானிக்கல் கியர், எலக்ட்ரானிக் கியர் இரண்டிலுமே செயின், கேசட் என்ற பின்பக்கப் பல்சக்கர அடுக்கு, டீரெயிலர் எல்லாம் உண்டு. டீரெயிலரை அசைக்கும் விசை எங்கிருந்து வருகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. மெக்கானிக்கலில் ஓட்டுபவரின் விரல் லீவரைத் தள்ள, 1.2 மி.மீ. பருமனுள்ள இன்னர் வயர் அவுட்டர் என்ற உறைக்குள் வழுக்கி டீரெயிலரை இழுக்கிறது. வயரைத் தளர்த்தும்போது டீரெயிலருக்குள் இருக்கும் ஸ்பிரிங் அதைத் திரும்பக் கொண்டுபோகிறது. எலக்ட்ரானிக்கில் விரல் ஒரு பொத்தானை அழுத்துவதோடு சரி. டீரெயிலருக்குள் இருக்கும் சிறு மோட்டார் குறித்த தூரம் நகர்ந்து நிற்கிறது.

இந்த ‘குறித்த தூரம்’ எவ்வளவு நுணுக்கமானது என்று பார்த்தால் மற்றதெல்லாம் விளங்கும். ஷிமானோவின் 8 வேக கேசட்டில் ஒரு பல்சக்கரத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 4.8 மி.மீ. இடைவெளி. லீவரின் ஒரு ‘டிக்’ வயரை 2.8 மி.மீ. இழுக்கும், டீரெயிலர் அதை 1.7 மடங்காக்கி நகரும். 11 வேகத்தில் இடைவெளி 3.7 மி.மீ. ஆகச் சுருங்கிவிட்டது, 12 வேகத்தில் இன்னும் குறைவு. அவுட்டருக்குள் மண் சேர்ந்தோ துருப்பிடித்தோ வயர் அரை மில்லிமீட்டர் தயங்கினாலும், 8 வேக வண்டி பொருட்படுத்தாமல் ஓடும். 12 வேக வண்டியில் செயின் இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவே கிடந்து கரகரக்கும். பல்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக்கூட வயர் முறைக்கு மன்னிக்கும் குணம் குறைகிறது. எலக்ட்ரானிக் கியர் எழுந்து வந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

போட்டியாளர்கள் டீரெயிலர் பயன்படுத்த டூர் டி பிரான்ஸ் 1937-ல்தான் இடம் கொடுத்தது. அதன்பின் அரை நூற்றாண்டு காலம், ஃபிரேமில் இருந்த சிறு நெம்புகோலை விரலால் தடவி, செயின் சத்தத்தைக் காதால் கேட்டுத்தான் கியர் போட்டார்கள். ஒரு டிக்குக்கு ஒரு கியர் என்ற முறையை ஷிமானோ 1984-ல் ரோடு பைக்கில் நிலைநாட்டியது. பிரேக் லீவரோடு கியர் லீவரும் சேர்ந்தது 1990-ல். பிரான்சின் மாவிக் நிறுவனம் 1990-களின் தொடக்கத்திலேயே ‘ஸாப்’ என்ற மின் கியரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. மழையில் அதை நம்ப முடியாமல் போய் அது நிலைக்கவில்லை. 2009-ல் பந்தயச் சாலைக்கு வந்த ஷிமானோவின் டிஐ2தான் நிலைத்தது. 2011-ல் இத்தாலியின் காம்பக்னோலோ, 2015-ல் வயரே இல்லாத ஈடேப்புடன் அமெரிக்காவின் ஸ்ராம் எனப் பெரிய நிறுவனங்கள் மூன்றும் இந்தப் பக்கம் வந்துவிட்டன.

இன்று வாங்கப் போகிறவருக்கு ஒரு செய்தி முக்கியம். ஷிமானோவின் மேல்தட்டு வரிசைகளான டூரா-ஏஸ், அல்டெக்ரா இரண்டும் 2021-ல் 12 வேகத்துக்கு மாறியபோது மெக்கானிக்கலை விட்டுவிட்டன. டியாக்ரா, சோரா, கிளாரிஸ் ஆகிய கீழ்வரிசைகள் மெக்கானிக்கல். ஆகவே ஷிமானோவில் எலக்ட்ரானிக்கா, மெக்கானிக்கலா என்ற கேள்வி உண்மையில் எழும் இடம் 105 வரிசை ஒன்றுதான். அதன் எலக்ட்ரானிக் வடிவம் 2022-லும், 12 வேக மெக்கானிக்கல் வடிவம் 2023-லும் வந்தன. எடையில் சொல்லத்தக்க வித்தியாசம் கிடையாது, விலையில் உண்டு. அந்த விலை வித்தியாசத்தில் நல்ல டயரும் இலகுவான சக்கரமும் வாங்கினால் வண்டி கூடுதல் வேகம் காட்டும். கியர் மாறும் விதம் எதுவானாலும் வண்டியின் வேகத்தில் மாற்றம் இராது.

இனி, வண்டி ஓடப்போகும் ஊர். ஒரு சிறிய ஊரை எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி வழியாகத் திண்டிவனம் போகும் தேசிய நெடுஞ்சாலை 77-ல், சுமார் 20 கி.மீ. தொலைவில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். ஏரிகளும் நெல்வயலும் மணிலாக் கொல்லைகளுமாக விரிந்த சமதரை. சாலையில் சிறு மேடுகள் உண்டு. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் இல்லை. இங்கே ஓட்டுபவருக்கு எதிரி ஏற்றமல்ல, எதிர்காற்று. காற்றுக்கு எதிரே ஓட்டும்போது மிதிக்கும் வேகம் சீராக இருக்க வேண்டும்; அதற்குக் கேசட்டின் படிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். டியாக்ராவின் 10 வேக 11–34 கேசட்டில் 13 பல்லுக்கு அடுத்தது 15. முன் பல்சக்கரம் 50 பல், மணிக்கு 35 கி.மீ. வேகம் என்றால், 13-ல் நிமிடத்துக்கு 72 சுற்று, 15-ல் 83 சுற்று. நடுவே ஒன்று வேண்டும் என்று கால் கேட்கும். 12 வேகக் கேசட்டில் அந்த 14 பல் இருக்கிறது. 78 சுற்றில் சுகமாக மிதிக்கலாம். இந்தச் சுகத்தைக் கொடுப்பது கேசட். அதை வயர் மாற்றினாலும் மோட்டார் மாற்றினாலும் கால் ஒன்றையே உணரும். கடைகளில் எலக்ட்ரானிக்கின் பெருமையாகச் சொல்லப்படுவதில் ஒரு பங்கு உண்மையில் கேசட்டுக்குச் சேர வேண்டியது.

சிறிய ஊரில் வண்டி வைத்திருப்பவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கெட்டுப்போனால் என்ன ஆகும் என்பது. செஞ்சிக் கோட்டை வரை போய்விட்டுத் திரும்பும் வழியில் பின்கியரின் இன்னர் வயர் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது லீவருக்குள், வயர் வளைந்து திரும்பும் இடத்தில்தான் இழை இழையாக அறும். அறுந்ததும் ஸ்பிரிங் செயினை மிகச்சிறிய 11 பல்லுக்குத் தள்ளிவிடும். முன்னால் 34 பல்லுக்கு மாற்றினால், ஒரு மிதிக்கு வண்டி ஆறரை மீட்டர் ஓடும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 23 கி.மீ. சமதரையில் கொஞ்சம் கனமாக மிதித்து வீடு வந்துவிடலாம். டீரெயிலரில் உள்ள ‘ஹெச்’ ஸ்க்ரூவை உள்ளே முடுக்கினால், ஒரு பல்சக்கரம் மேலேயும் நிறுத்த முடியும். ஊருக்கு வந்தபின் புது வயர் போடுவது ஒரு ஆலன் கீயும் வயர் கட்டரும் கேட்கும் வேலை. பள்ளிப் பிள்ளைகளின் கியர் சைக்கிளுக்குப் போடும் இன்னர் வயரே ஷிமானோ, ஸ்ராம் லீவர்களில் பெரும்பாலும் பொருந்தும். காம்பக்னோலோ வயரின் தலை மட்டும் சற்றுச் சிறியது. பிரேக் வயர் தடிமன் கூடியது, உதவாது.

எலக்ட்ரானிக்கில் பேட்டரி தீர்ந்தால் டீரெயிலர் அப்போதிருந்த இடத்திலேயே நின்றுவிடும். அது நடுக்கியராக இருந்தால் வயர் அறுந்ததைவிட நல்ல நிலை. டிஐ2-ல் முதலில் முன்கியர் ஓயும், பின்கியர் இன்னும் சிறிது நேரம் வேலை செய்யும். ஓட்டுபவருக்கு அதுவே எச்சரிக்கை. ஸ்ராமில் முன், பின் டீரெயிலர்களுக்குத் தனித்தனிப் பேட்டரிகள். பின்னது தீர்ந்தால் முன்னதைக் கழற்றிப் பின்னால் மாட்டலாம். ஸ்ராம் பேட்டரி ஒரு சார்ஜில் சுமார் 60 மணி நேரம் ஓடும், ஒரு மணி நேரத்தில் சார்ஜ் ஏறிவிடும். டிஐ2 ஒரு சார்ஜில் ஏறக்குறைய ஆயிரம் கி.மீ. தாங்கும். கரன்ட் போனால் என்ன செய்வது என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

பயப்பட வேண்டிய இடம் வேறு. விழுந்து டீரெயிலரின் மோட்டார் உடைந்தால், சார்ஜ் துளைக்குள் தண்ணீர் இறங்கினால், லீவருக்கும் டீரெயிலருக்கும் இருந்த இணைப்பு விட்டுப்போனால், ஊர் மெக்கானிக்கின் கை அங்கே எட்டாது. அவருடைய தேர்ச்சிக்குக் குறைவில்லை. ரிம் கோட்டம் எடுப்பதிலும் பேரிங் மாற்றுவதிலும் நகரத்து ஷோரூமில் பார்க்க முடியாத கைவேலை சிறிய ஊர்களில் இருக்கிறது. மூடிய மோட்டாரைத் திறந்து பார்க்க எவராலும் முடியாது என்பதே காரணம். அதை முழுசாக மாற்றத்தான் வேண்டும். மாற்றுப் பாகத்துக்கு சென்னைக்கோ பெங்களூருக்கோ சொல்லிவிட்டுக் காத்திருக்க வேண்டும். மெக்கானிக்கலில் கெடுவது பெரும்பாலும் வயர், அது மலிவு. எலக்ட்ரானிக்கில் அபூர்வமாகவே கெடும், கெட்டால் செலவும் காத்திருப்பும் பெரிது. எந்தப் பெரிய நகரத்துக்கும் பக்கத்தில் இல்லாத ஊரில் இந்தக் கணக்கு மெக்கானிக்கல் பக்கம்தான் சாய்கிறது.

வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை இதற்கு ஒரு எதிர்வாதமும் இருக்கிறது. டிராக்டர்கள் வயலிலிருந்து சாலைக்கு இழுத்துவரும் சேறு பின்சக்கரத்தில் ஒட்டித் தெறிக்கும். பின் டீரெயிலரில் நுழைவதற்கு முன் வளையும் அவுட்டரின் கடைசித் துண்டில்தான் அது போய்ச் சேரும். மழைக்காலம் முடிந்ததும் அந்தத் துண்டையும் இன்னர் வயரையும் மாற்றுவது நல்ல வழக்கம். ஸ்டெயின்லெஸ் வயர் துருப்பிடிக்காது, சாதா வயரைவிடக் கூடுதல் நாள் வழுக்கும். எலக்ட்ரானிக்குக்கு இந்தப் பராமரிப்பு தேவையில்லை; தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவாமல் இருந்தால் போதும். வெயில் காலத்தில், நிறுத்திய காருக்குள் பேட்டரியை விட்டுவைப்பது மட்டும் கூடாது.

ஃபிரேமின் அமைப்பு இந்தக் கணக்கை முழுவதும் புரட்டிவிடக்கூடியது. பலர் இதைக் கவனிப்பதில்லை. வயர் ஃபிரேமுக்கு வெளியே ஓடும் வண்டியிலும், கீழ்க்குழாயில் நுழைந்து பின்னால் வெளிவரும் வண்டியிலும் மெக்கானிக்கல் எளிது. ஆனால் இப்போது வரும் பல கார்பன் ஃபிரேம்களில் எல்லா வயர்களும் ஹேண்டில்பாருக்குள் புகுந்து, ஹெட்செட் பேரிங் வழியாகக் கீழே இறங்குகின்றன. இத்தனை திருப்பத்தில் வயர் உராய்ந்து கியர் கனக்கும். ஒரு வயரை மாற்ற முன்பகுதியையே பிரிக்க வேண்டி வரலாம். அப்படிப்பட்ட ஃபிரேமில் எலக்ட்ரானிக்தான் சரி. டிஐ2-ன் 12 வேக வடிவத்தில் லீவர்களுக்கு வயர் இல்லை. பேட்டரியிலிருந்து இரு டீரெயிலர்களுக்கும் மட்டும் மின்வயர் போகும். ஸ்ராமில் அதுவும் இல்லை. கியரை முடிவு செய்வதற்கு முன் ஃபிரேமை முடிவு செய்ய வேண்டும்.

தொலைதூரம் ஓட்டுபவரின் நிலை தனி. ஆடாக்ஸ் இந்தியா ராண்டனர்ஸ் நடத்தும் பிரெவே ஓட்டங்களில் 200 கி.மீ.க்கு 13½ மணி, 600 கி.மீ.க்கு 40 மணி நேரக் கெடு. இரண்டாம் இரவில் உள்ளங்கை மரத்துப்போய், விரலில் பலம் இறங்கிவிடும். முன்னால் செயினைச் சிறிய பல்சக்கரத்திலிருந்து பெரியதற்கு ஏற்ற லீவரை முழுவதுமாகத் தள்ள வேண்டியிருப்பது அப்போது ஒரு சுமை. பொத்தான் அழுத்துவது அப்படியல்ல. கீல்வாதம் உள்ளவர்களுக்கும் சிறிய கை உள்ளவர்களுக்கும் இதுவே பொருந்தும். இவர்கள் எலக்ட்ரானிக்குக்குச் செலவு செய்வது ஆடம்பரம் ஆகாது. அதேசமயம் பிரெவேயின் விதி, கட்டுப்பாட்டு நிலையம் தவிர வழியில் வெளியாரின் உதவி பெறக்கூடாது என்கிறது. வயர் வண்டிக்காரர் பையில் ஒரு இன்னர் வயர், எலக்ட்ரானிக் வண்டிக்காரர் பையில் சார்ஜ் செய்யும் கேபிளும் பவர் பேங்கும், அல்லது ஸ்ராமாக இருந்தால் நிறைந்த பேட்டரி ஒன்று. லீவருக்குள் இருக்கும் நாணயப் பேட்டரியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஸ்ராமில் அது சிஆர் 2032. எந்த ஊர் வாட்ச் கடையிலும் கிடைக்கும். ஷிமானோவின் சிஆர் 1632 அவ்வளவு சுலபத்தில் கிடைக்காது, ஒன்று கையில் இருக்க வேண்டும்.

வடமேற்கே போளூர் தாண்டி ஜமுனாமரத்தூருக்கு ஜவ்வாது மலை ஏறுபவருக்கும், 14 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஏலகிரிக்குப் போகிறவருக்கும் கியரின் வகையைவிடக் கடைசிப் பல்சக்கரம் முக்கியம். முன்னால் 34, பின்னால் 34 என்றால் ஒரு மிதிக்கு 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்து மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் ஏறலாம். பின்னால் 28 பல்தான் என்றால் அதே வேகத்துக்கு 58 சுற்று, முழங்கால் வலிக்கும். எந்த வகையானாலும் பெடல் சுற்றாமல் செயின் மாறாது. ஆகவே வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிடுவது அவசியம்.

இரண்டு வகைக்கும் பொதுவான ஒரு பலவீனம், டீரெயிலரை ஃபிரேமோடு பிணைக்கும் ஹேங்கர். வேண்டுமென்றே மென்மையான உலோகத்தில் செய்வார்கள். வண்டி சாய்ந்தால் ஃபிரேமைக் காத்துத் தான் வளையும். வளைந்த ஹேங்கரை மோட்டாராலும் சரிசெய்ய முடியாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் அதன் வடிவம் பெரும்பாலும் வேறுபடும் என்பதால், வண்டி வாங்கும் அன்றே கூடுதலாக ஒன்றை வாங்கிவைக்க வேண்டும். விழுந்தபின் டிஐ2 கியர் மாறாமல் நின்றால் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். அடி வாங்கும்போது அது தன் மோட்டாரைத் தானே விலக்கிக்கொள்ளும். கையேட்டில் சொல்லியபடி பொத்தானை அழுத்தி மீட்கலாம்.

பழைய வண்டி வாங்குபவர் எலக்ட்ரானிக் என்றால் இன்னும் ஒரு சோதனை செய்ய வேண்டும். டிஐ2-ன் 11 வேகப் பாகங்களும் 12 வேகப் பாகங்களும் ஒன்றோடொன்று சேராது. ஆகவே ஒரு லீவர் போனால் அதே தலைமுறை லீவர்தான் வேண்டும். பேட்டரிக்கு வயதானால் சார்ஜ் நிற்கும் நாட்கள் குறையும். முழு சார்ஜில் வாங்கி, ஒரு வாரம் ஓட்டி, எவ்வளவு மிச்சம் என்று செயலியில் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுப்பது நல்லது. மெக்கானிக்கல் வண்டியில் பார்க்க வேண்டியது லீவர்: ரப்பர் உறையை மடக்கி, வயர் இழை பிரிந்து உள்ளே சிக்கியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். சிக்கிய துணுக்கு லீவரையே பழுதாக்கும். அந்த வகையில் அதிகம் செலவு வைப்பது அதுதான்.

(தொடரும்)