பாட்டுப் பிறந்த வேளை

திருவல்லிக்கேணியில், துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில், பாரதியார் தம் இறுதி நாட்களில் வாழ்ந்த இல்லம் இருக்கிறது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் அவர் காலமானதும் அங்கேதான். பார்த்தசாரதிப் பெருமாளைச் சேவிக்க அவ்வழியே செல்லும்போதெல்லாம் என் மனத்தில் ஒரு கேள்வி எழும். சில அடிகளிலேயே முடிந்துவிடும் சின்னஞ்சிறு பாட்டு எப்படிப் பிறக்கிறது? பிறந்த வேளையின் சூடு அதில் எத்தனை காலம் நிற்கும்?

இயற்றுகிறவர் உள்ளத்தில் பொங்கும் உணர்ச்சியே பாட்டுக்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான். கண்ணெதிரே ஒரு காட்சியோ நிகழ்ச்சியோ வேண்டும். காதில் ஒரு மெட்டும் ஒலிக்க வேண்டும். இவ்விரண்டும் கூடும்போதுதான் பாட்டுப் பிறக்கிறது. நம் காலத்துக்கு அணித்தே வாழ்ந்த இருவரைக் கொண்டு இதை விளக்க விரும்புகிறேன்.

நமக்கு அண்டை ஊராகிய மயிலாப்பூரில் வாழ்ந்தவர் பாபநாசம் சிவன் (1890–1973). மார்கழி விடியற்காலையில் மாட வீதிகளில் பஜனை செய்து வந்தவர். மலரலங்காரத்துடன் கபாலீசுவரர் பவனி வரும் கோலத்தைக் கண்டு அவர் பாடியது, காம்போதி ராகத்தில் அமைந்த ‘காணக் கண் கோடி வேண்டும்’ என்ற கீர்த்தனம். பல்லவி, அநுபல்லவி, சரணம் என்ற மூன்றே அங்கங்கள். பல்லவி வியப்பைச் சொல்கிறது. பின்வரும் அங்கங்கள் அவ்வியப்புக்குக் காரணமான காட்சியை விரிக்கின்றன. ஒவ்வொன்றும் முடிந்ததும் பாடுகிறவர் பல்லவிக்கே திரும்புகிறார். ஊர்வலத்தில் நின்றவன் மறுபடியும் மறுபடியும் சுவாமியின் முகத்தையே பார்ப்பது போன்றது இது. நிறைந்து விரியும் காம்போதியும் அந்தப் பவனிக்கு நன்றாகப் பொருந்துகிறது.

பாரதியாரின் வழி வேறு. திருவல்லிக்கேணிக் கடற்கரையில் நடந்த சுதேசியக் கூட்டங்களில் அவர் தம் பாடல்களைத் தாமே பாடினார். 1907-ஆம் ஆண்டில் வி. கிருஷ்ணசாமி ஐயர் அவருடைய தேசியப் பாடல்களைச் சிறு பிரசுரமாக 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கினார். மிதவாதியாகிய அவரே இதைச் செய்தார் என்பது நினைக்கத் தக்கது. அவ்வாண்டின் இறுதியில் சூரத் காங்கிரஸ் பிளவுபட்டது. நிதானக் கட்சியார் திலகரைப் பார்த்துக் குறை கூறுவதாகப் பாரதியார் ஒரு பாட்டு இயற்றினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட வர்ணமெட்டு, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் உள்ளது. சிதம்பரம் போக விரும்பிய நந்தனை அவன் சுற்றத்தார், ‘இது நமக்கு அடுக்குமா?’ என்று தடுக்கும் இடத்து மெட்டு அது. அக்காலத்தவர் கதா காலட்சேபங்களில் கேட்டுப் பழகியது. அதைக் கேட்டவுடனே திலகர் நந்தனாகிவிடுகிறார், சுதந்தரம் தில்லையாகிவிடுகிறது, தடுப்பவர்கள் அஞ்சி ஒடுங்கிய கூட்டமாகிவிடுகிறார்கள். சாகித்தியம் சொல்லாமல் விட்டதை மெட்டே சொல்லிவிடுகிறது!

மெட்டு மறைந்துவிட்டால்? பாட்டின் பொருளில் பாதி மறைந்துபோகும். பாரதியார் பல பாடல்களின் தலைப்பிலேயே ராகமும் தாளமும் குறித்துள்ளார். ஆயினும் ராகத்தின் பெயர் வேறு, மெட்டு வேறு. ஒரே ராகத்தில் நூறு மெட்டுக்கள் அமைக்கலாம். பெரும்பாலான பாடல்களுக்கு ஸ்வரக் குறிப்பு இல்லாமையால், பிற்காலத்தார் தத்தமக்குத் தோன்றிய மெட்டுக்களை அமைத்துக்கொண்டனர். அவற்றை நான் குறை கூறவில்லை. 1947-ல் வெளிவந்த ‘நாம் இருவர்’ படத்தில் டி. கே. பட்டம்மாள் பாடியவை பாரதியை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. 1949-ல் அரசாங்கம் பாரதி நூல்களின் உரிமையைப் பெற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. இவ்வாறு சொற்கள் காப்பாற்றப்பட்டுவிட்டன. பாரதியார் தம் குரலில் பாடிய மெட்டுக்களுக்கு அந்தப் பாதுகாப்புக் கிடைக்கவில்லை.

எனக்கே இதில் ஓர் அநுபவம் உண்டு. என் பாட்டி தொட்டில் ஆட்டும்போது ஒரு பாரதி பாடலைப் பாடுவார். அந்த மெட்டை வேறெங்கும் நான் கேட்டதில்லை. யாரிடம் கற்றார் என்று கேட்டேனில்லை, எழுதிக்கொள்ளவும் இல்லை. இன்று முதலடி மட்டும் நினைவில் நிற்கிறது. மற்றவை பாட்டியோடு போய்விட்டன. கேட்க ஐந்து நிமிஷம் போதுமாயிருந்தது!

ஆகையால், இன்று புதிய கீர்த்தனங்களும் தில்லானாக்களும் இயற்றுவோருக்கு ஒரு வேண்டுகோள். ஸ்வரக் குறிப்போடு, எந்த இடத்தில், எதைக் கண்டு பாடினீர்கள் என்பதையும் இரண்டு வரியில் எழுதி வையுங்கள். கேட்கும் நமக்கும் ஒரு கடமை உண்டு. வீட்டில் முதியோர் பழைய மெட்டு ஒன்றை முணுமுணுத்தால், அருகில் அமர்ந்து முழுவதையும் பாடச் சொல்லிப் பதிவு செய்துகொள்ளுங்கள். பாட்டுப் பிறந்த வேளை திரும்பி வராது. அந்த வேளையின் நாதத்தையாவது நாம் இழக்காமல் இருக்கலாம்.