சந்தையும் மனமும் – 14: கணக்கு சரி, காலம் போதவில்லை

ஒரே பொருளுக்கு இரண்டு கடைவீதிகளில் இரண்டு விலை இருக்குமானால், மலிவாகக் கிடைக்கும் இடத்தில் வாங்கி, கிராக்கியான இடத்தில் விற்று, இடையிலுள்ள வித்தியாசத்தை எடுத்துக்கொள்வது வாணிபத்தின் ஆதி வழிகளில் ஒன்று. இதைவிட நிச்சயமான லாபம் வேறு எதில் உண்டு என்றே எவருக்கும் தோன்றும். அப்படித் தோன்றும்படியான ஒரு சந்தர்ப்பம் ஐரோப்பியப் பங்குச் சந்தைகளில் பல காலமாக எல்லோர் கண்ணெதிரிலும் இருந்துவந்தது. ஹாலந்தின் ராயல் டச்சுக் கம்பெனியும் இங்கிலாந்தின் ஷெல் கம்பெனியும் 1907ஆம் ஆண்டில் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டு, தத்தம் பெயரையும் பங்குதாரர்களையும் தனித்தனியே வைத்துக்கொண்டபோதிலும், எண்ணெய் வியாபாரத்தில் கிடைக்கும் வரும்படியை ராயல் டச்சுக்கு 60, ஷெல்லுக்கு 40 என்ற விகிதத்தில் பகிர்ந்துகொள்ள இசைந்தன. ஆகவே ராயல் டச்சுப் பங்குகள் அனைத்தின் மொத்த மதிப்பு ஷெல் பங்குகளின் மொத்த மதிப்பைப் போல் ஒன்றரை மடங்காக இருக்கவேண்டும் என்பது பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் போடக்கூடிய கணக்கு. சந்தையோ அந்தக் கணக்குக்குக் கட்டுப்படவில்லை. சில ஆண்டுகளில் அந்த மடங்குக்கு வெகுவாகக் குறைந்தும், சில ஆண்டுகளில் அதற்கு மேலே ஏறியும், ஒரு நிலையில் நில்லாமல் விலைகள் அலைந்துகொண்டிருந்தன.

1990களின் பிற்பகுதியில் ராயல் டச்சுப் பங்கு, இருக்கவேண்டிய விலைக்கு மேல் 8 முதல் 10 சதவீதம் அதிகமாக விற்றுக்கொண்டிருந்த சமயத்தில், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் கிரீனிச் என்ற ஊரில் இருந்த ஒரு முதலீட்டு ஸ்தாபனம் இதைக் கண்ணுற்றது. லாங் டெர்ம் கேபிடல் மானேஜ்மெண்ட் என்பது அதன் பெயர். ராயல் டச்சுப் பங்குகளை இரவல் வாங்கி விற்றும் (சந்தைக்காரர்கள் இதை ஷார்ட் அடிப்பது என்பார்கள்), ஷெல் பங்குகளை விலைக்கு வாங்கியும், இரண்டு பக்கமும் சேர்ந்து சுமார் 230 கோடி டாலர் அளவுக்கு அது பந்தயம் கட்டியது. எண்ணெய் விலை ஏறட்டும், இறங்கட்டும். அதைப்பற்றி அவர்களுக்கு விசாரம் இல்லை. இரண்டு பங்குகளுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் என்றைக்காவது ஒரு நாள் மூடிக்கொண்டால் போதும்.

இந்த ஸ்தாபனத்தை 1994ஆம் ஆண்டில் தொடங்கியவர் ஜான் மெரிவெதர். சாலமன் பிரதர்ஸ் என்ற பெரிய நிறுவனத்தில் கடன் பத்திர வியாபாரத்தில் பேரெடுத்தவர். அவர் தம்மோடு சேர்த்துக்கொண்ட வித்வான்களைப் போன்றதொரு கூட்டம் அதற்கு முன்னும் பின்னும் எந்த வியாபார ஸ்தாபனத்திலும் கூடியதில்லை என்றே சொல்லலாம். குறித்த கெடுவுக்குள் குறித்த விலையில் வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஆப்ஷன் ஒப்பந்தங்களுக்கு விலை காணும் சூத்திரத்தை 1973ஆம் ஆண்டில் உலகுக்கு அளித்தவர்களில் மைரன் ஷோல்ஸும் ராபர்ட் மெர்ட்டனும் இந்த ஸ்தாபனத்தில் பங்காளிகள். 1997இல் அவ்விருவருக்கும் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு கிடைத்தது. அமெரிக்க மத்திய வங்கியின் துணைத் தலைவராக இருந்த டேவிட் மல்லின்ஸும் அங்கே இருந்தார். இவர்களிடம் ஒப்படைக்கப்பட்ட ஒவ்வொரு டாலரும் நான்கு ஆண்டுகளில், கூலி போக, இரண்டரை டாலருக்கும் மேலாக வளர்ந்தது. இவர்கள் வஞ்சகர்கள் அல்லர் என்பதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். தங்கள் சொந்தச் செல்வத்தின் பெரும் பகுதியை அந்த நிதியிலேயே போட்டிருந்தார்கள். சிலர் அது போதாதென்று தனிப்பட்ட முறையில் கடன் வாங்கியும் போட்டிருந்தார்கள். தாங்கள் கண்ட கணக்கில் அவர்களுக்கு இருந்த நம்பிக்கை அத்தனை மெய்யானது.

அந்தக் கணக்கின் சுபாவம் இன்னதென்று சற்றே விளக்கிவிட வேண்டும். அமெரிக்க அரசாங்கம் புதிதாக வெளியிட்ட முப்பது வருஷக் கடன் பத்திரத்துக்கும், ஆறு மாதம் முன்பு அதே அரசாங்கம் வெளியிட்ட பத்திரத்துக்கும் நாணயத்தில் எள்ளளவும் பேதம் இல்லை. ஆனாலும் புதிய பத்திரத்தைச் சந்தையில் சுலபமாகக் கைமாற்றலாம் என்பதால் அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கிடைக்கும். நாள் ஆக ஆக அந்த வித்தியாசம் கரைந்துபோகும். இத்தகைய சின்னஞ்சிறு பேதங்களைத் தேடிக் கண்டுபிடித்து, ஒன்றை வாங்கி மற்றொன்றை விற்பதுதான் அவர்களுடைய தொழில். கிடைப்பது நூற்றுக்குச் சில காசு என்பதால், அதைக் கொழுத்த லாபமாக ஆக்குவதற்குக் கடன் வேண்டியிருந்தது. 1998ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர்களுடைய சொந்த முதல் சுமார் 470 கோடி டாலர். அதை ஆதாரமாக வைத்து அவர்கள் கையாண்ட சொத்துகளோ சுமார் 12,500 கோடி டாலர். சொத்தின் மேல் 1 சதவீதம் லாபம் வந்தால் முதலின் மேல் 26 சதவீதத்துக்கு மேல் ஆகும். சொத்தின் மதிப்பில் 4 சதவீதம் குறைந்தாலோ முதல் முழுவதும் போய்விடும்.

இதற்கு முந்தைய டிசம்பரில் நடந்த ஒரு காரியத்தை நான் எல்லாவற்றிலும் முக்கியமாகக் கருதுகிறேன். நல்ல சந்தர்ப்பங்கள் அருகிவருகின்றன என்று காரணம் சொல்லி, வெளியார் போட்டிருந்த பணத்தில் சுமார் 270 கோடி டாலரை அவர்கள் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சொந்த முதல் சுருங்கிய அளவுக்குப் பந்தயங்களைச் சுருக்கவில்லை. சந்தர்ப்பம் குறைகிறது என்று தெரிந்திருந்தும், அதே வருமானத்தை எட்டவேண்டும் என்ற பழக்கம் விடவில்லை. ஆகவே கடனின் விகிதம் ஏறியது. பிறகு வந்த ஆபத்துக்கு ரஷ்யாவைக் காரணம் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அந்த டிசம்பர்தான் காரணமாகப் படுகிறது.

1998 ஜூலையில், மெரிவெதர் முன்பு வேலை பார்த்த சாலமன் நிறுவனத்தின் புதிய எஜமானர்கள், இதே மாதிரியான வியாபாரம் நடத்திவந்த தங்கள் இலாகாவை மூடிவிடத் தீர்மானித்தார்கள். அவர்கள் கையில் இருந்தவையும் கிரீனிச்சில் இருந்தவையும் பெரும்பாலும் ஒரே இனப் பத்திரங்கள். ஒருவர் விற்க விற்க மற்றவருடைய சரக்கின் விலை இறங்கிற்று. ஆகஸ்டு 17ஆம் தேதி ரஷ்ய அரசாங்கம் ரூபிளின் மதிப்பைக் குறைத்து, உள்நாட்டுக் கடன் பத்திரங்களுக்குப் பணம் கொடுப்பதையும் நிறுத்தி வைத்தது. உலகமெங்கும் முதலாளிகள் கலங்கிப்போய், அபாயம் உள்ள பத்திரங்களை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, அமெரிக்க அரசாங்கப் பத்திரங்களை, அதிலும் புத்தம் புதியவற்றை, என்ன விலையானாலும் வாங்கிக்கொள்ள விரைந்தார்கள். மூடிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கப்பட்ட வித்தியாசங்கள் யாவும் ஒரே வேளையில் விரிந்தன.

ஆகஸ்டு 21, வெள்ளிக்கிழமை. வேனிற்கால விடுமுறையாதலால் பங்காளிகளில் பலர் ஊரில் இல்லை; மெரிவெதர் சீனாவில் இருந்தார். மிக மோசமான நாளிலும் நஷ்டம் சில கோடி டாலரோடு நின்றுவிடும் என்று அவர்களுடைய சூத்திரங்கள் கூறியிருந்தன. அந்த ஒரு நாளில் போனது சுமார் 55 கோடி டாலர். அந்த மாதத்தில் மட்டும் சொந்த முதலில் 44 சதவீதம் மறைந்துவிட்டது. செப்டம்பர் 2ஆம் தேதி முதலீட்டாளர்களுக்கு அந்தச் செய்தியைக் கடிதமாக எழுதிய மெரிவெதர், புதிய பணம் போடுவதற்கு இதுவே தக்க தருணம் என்றும் அதில் குறிப்பிட்டார். அவர் அதை மனப்பூர்வமாகவே எழுதியிருக்க வேண்டும். கணக்கின்படி அது உண்மையுங்கூட. மலிவாக இருந்தது இன்னும் மலிவாகியிருக்கிறது, ஆகவே முன்னிலும் நல்ல சந்தர்ப்பம் என்ற தர்க்கத்தில் பிழை காண முடியாது. ஆனால் கடன் கொடுத்தவர்களுக்கு அந்தத் தர்க்கம் எதற்கு? அவர்கள் அன்றன்றைய விலையைப் பார்த்து, ஈடு குறைந்துவிட்டது, மேற்கொண்டு பணம் கட்டு என்று கேட்டார்கள். கதிர் முற்றுவதற்கு முன்பே களத்தில் வந்து நிற்கும் கடன்காரனிடம் குடியானவன் விளைச்சலின் பெருமையைச் சொல்லி என்ன பயன்? போதாததற்கு, இந்த ஸ்தாபனம் விற்றே தீரவேண்டிய நிலையில் இருக்கிறது என்பதை ஊகித்துக்கொண்ட மற்ற வியாபாரிகள், அதனிடம் இருக்கும் என்று தாங்கள் கருதிய பத்திரங்களை முந்திக்கொண்டு விற்றார்கள்.

செப்டம்பர் 23ஆம் தேதி காலையில் வாரன் பஃபெட், கோல்ட்மன் சாக்ஸ், ஏஐஜி ஆகியோர் சேர்ந்து, எல்லாவற்றையும் 25 கோடி டாலருக்கு எடுத்துக்கொள்வதாகவும், அதற்கு மேல் 375 கோடி டாலர் போடுவதாகவும் ஒரு கடிதம் அனுப்பி, ஒரு மணி நேரம்போல் கெடுவும் விதித்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில் 470 கோடி பெற்ற சொத்துக்கு 25 கோடி! பேரம் படியவில்லை. அன்று மாலைக்குள் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கியின் கட்டிடத்தில் கூடிய பெரிய வங்கிகளில் 14 சேர்ந்து, சுமார் 360 கோடி டாலர் போட்டு நிதியில் 90 சதவீதத்தைத் தங்கள் வசம் எடுத்துக்கொண்டன. பேர் ஸ்டேர்ன்ஸ் என்ற நிறுவனம் சேர மறுத்துவிட்டது. நஷ்டக் கணக்கை அலசியபோது, ரஷ்யா முதலிய நாடுகளில் போனது 43 கோடி டாலர்தான் என்றும், அத்தேசங்களோடு நேரடித் தொடர்பே இல்லாத வட்டி வித்தியாசங்களில் 160 கோடியும், பங்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்தின் மேல் கட்டிய பந்தயங்களில் 130 கோடியும் போயின என்றும் தெரிந்தது.

பின்னர் நடந்ததைக் கவனியுங்கள். பணம் போட்ட வங்கிகள் அவசரப்படவில்லை. அவற்றை அவசரப்படுத்தவும் யாரும் இல்லை. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிதி கலைக்கப்பட்டபோது அவற்றுக்கு முதலும் திரும்பிற்று, ஓரளவு லாபமும் சேர்ந்தது. நிதியை முறித்த அதே பந்தயங்களில் கிடைத்த லாபம் அது. ராயல் டச்சு, ஷெல் வித்தியாசம் 1998இல் 20 சதவீதத்தையும் தாண்டி விரிந்திருந்தது. பிறகு மெல்லச் சுருங்கி, 2005ஆம் ஆண்டில் இரண்டும் ஒரே கம்பெனியாக இணைந்தபோது அறவே மறைந்தது. கிரீனிச்சுக்காரர்கள் போட்ட கணக்கு முற்றிலும் சரி. மெரிவெதர் 1999இல் வேறொரு நிதி தொடங்கி, கடனைக் குறைத்தே நடத்தினார்; 2008ஆம் ஆண்டு நெருக்கடியில் அதிலும் 44 சதவீதம் போய், 2009இல் அதை மூடும்படி ஆயிற்று.

கிரிப்டோ சந்தையில் இதே கதை இன்னும் விரைவாக நடந்தேறியது. கிரேஸ்கேல் பிட்காயின் டிரஸ்ட் என்று ஒரு நிதி உண்டு. அதன் ஒவ்வொரு பங்குக்கும் பின்னால் இவ்வளவு பிட்காயின் என்று நிச்சயிக்கப்பட்டிருந்தது. அந்நாளில் பெரிய முதலீட்டாளர்கள் பிட்காயினைக் கொடுத்துப் பங்கு பெறலாம்; ஆனால் ஆறு மாதம் விற்கக்கூடாது; பங்கைக் கொடுத்துப் பிட்காயினைத் திரும்பப் பெறவும் வழி இருக்கவில்லை. 2020 வரையில் பங்கின் சந்தை விலை உள்ளிருக்கும் பிட்காயினின் விலையைவிட அதிகமாகவே இருந்துவந்தது. சிங்கப்பூரில் இயங்கிய திரீ ஆரோஸ் கேபிடல் என்ற நிறுவனம் பிட்காயினைக் கடனாக வாங்கிக் கொடுத்துப் பங்குகளைப் பெற்றது; 2020 முடிவில் அதன் கையில் சுமார் 3.9 கோடிப் பங்குகள். 2021 பிப்ரவரியில் கூடுதல் விலை மறைந்து, பங்கின் விலை உள்ளடக்கத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. என்றைக்காவது மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தார்கள். 2022 மே மாதத்தில் லூனா என்ற நாணயம் ஒரே வாரத்தில் சுமார் 80 டாலரிலிருந்து ஒன்றுமில்லாமல் போனது. அதில் அவர்கள் போட்டிருந்தது சுமார் 20 கோடி டாலர். கடன் கொடுத்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து நின்றார்கள். வாயேஜர் என்ற ஒரு நிறுவனம் மட்டும் 15,250 பிட்காயினும், அதற்கு மேல் 35 கோடி டாலர் பெறும் நாணயமும் கொடுத்திருந்தது. ஜூன் 27ஆம் தேதி பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் நீதிமன்றம் திரீ ஆரோஸைக் கலைக்க உத்தரவிட்டது. அந்த ஆண்டின் முடிவில் கிரேஸ்கேல் பங்கு உள்ளடக்கத்தின் பாதி விலைக்கு நெருங்கியது. 2024 ஜனவரி 11ஆம் தேதி அது இடிஎப் என்ற வகை நிதியாக மாறியபோது வித்தியாசம் ஏறத்தாழ முழுவதும் மறைந்தது.

பெரியவர்களின் இந்தக் கதை, கையில் போனை வைத்துக்கொண்டு வியாபாரம் செய்யும் சாமானியருக்கும் பொருந்தும் என்பதனால்தான் இவ்வளவு விரித்து எழுதினேன். பிட்மெக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை 2016ஆம் ஆண்டில் கெடு தேதியே இல்லாத முன்பேர ஒப்பந்தத்தை அறிமுகப்படுத்தியது. அதில் ஒரு ரூபாயை வைத்து நூறு ரூபாய்க்குப் பந்தயம் கட்டலாம். கெடு இல்லை என்று பெயர். ஆனால் விலை 1 சதவீதம் எதிர்த்திசையில் அசைந்தாலே கட்டிய பணம் காலி. பிட்காயின் ஒரு மணி நேரத்தில் 1 சதவீதம் அசைவதை யாரும் செய்தியாகக்கூடச் சொல்வதில்லை. 2020 மார்ச் 12ஆம் தேதி பிட்காயின் ஒரே நாளில் சுமார் 7,900 டாலரிலிருந்து 5,000க்கும் கீழே விழுந்தது. அந்த ஆண்டு முடிவில் அது 28,000 டாலருக்கு மேல். விலை ஏறும் என்று மார்ச்சு மாதத்தில் சொன்ன இருவரில், கடனின்றி வைத்திருந்தவர் டிசம்பரைக் கண்டார். இரட்டிப்புக் கடனில் வாங்கியிருந்தவர்கூட அன்றைய வீழ்ச்சியில் நாலில் மூன்று பங்கைப் பறிகொடுக்க நேர்ந்தது. ஐந்து மடங்கு, பத்து மடங்கு என்று போனவர்கள் அன்றே அழிந்தார்கள்.

நம் நாட்டில் இந்த மோகம் ஆப்ஷன் வழியாகப் பரவியிருக்கிறது. ஆப்ஷன் வாங்குபவர் கடன் வாங்குவதில்லை, ஆயினும் கெடுவை விலைக்கு வாங்குகிறார். நிப்டி என்ற பங்குக் குறியீடு அவர் சொன்ன இடத்துக்குக் கெடுவுக்கு மறுநாள் வந்து சேர்ந்தால் அவருக்குப் பத்துக் காசும் தேறாது. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் எப் அண்ட் ஓ எனப்படும் முன்பேர, ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள் என்றும், அவர்களுடைய மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் என்றும் பங்குச் சந்தைகளைக் கண்காணிக்கும் செபி கணக்கெடுத்துச் சொல்லியிருக்கிறது. அந்தப் பணத்தில் எத்தனை வீட்டுச் சீட்டுப் பணம், எத்தனை பெண்களின் அடகு நகை கலந்திருக்கும் என்று எண்ணும்போது மனம் பதைக்கிறது. இவர்கள் எல்லோருமே சந்தையைத் தவறாகக் கணித்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. திசை சரியாகத் தெரிந்தவர்களும் அவர்களில் ஏராளமாக இருப்பார்கள். ஆகவே பங்கு வாங்கப்போகும் இளைஞர் என்னிடம் எந்தப் பங்கு ஏறும் என்று கேட்டால், இந்தப் பணத்தை எந்தத் தேதிக்குள் யாருக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும், விலை பாதியாக இறங்கினாலும் உங்களை விற்கச் சொல்லும் உரிமை யாருக்காவது உண்டா என்ற இரண்டையும் முதலில் ஒரு தாளில் எழுதச் சொல்வேன்.

கெடுவையும் ஈட்டையும் சட்டதிட்டங்களோடு முதன்முதலாக ஒழுங்குபடுத்திக்கொண்ட சந்தைகளில் ஒன்று, 1730ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசின் அங்கீகாரம் பெற்ற ஓஸாகா நகரத்துத் தோஜிமா அரிசிச் சந்தை. அடுத்த வாரம் அங்கே செல்வோம்.