ஓரத்தில் நிற்பவருக்கும் ஒரு ஸ்லைடு

செல்ஃபோன் திரை நெட்டை. நாம் படமெடுக்க ஆசைப்படும் காட்சிகளோ அகலம். அகலப் படத்தைத் துண்டு போட்டு வரிசையாகக் காட்டும் உத்தி இரண்டுக்கும் சமரசம் செய்து வைக்கிறது. ஆனால் வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

டார்ஜிலிங் அருகே டைகர் ஹில்லில் பொழுது விடியும் நேரம். கம்பளியும் குல்லாவுமாக நெருக்கியடித்து நிற்கும் கூட்டத்துக்கு எதிரே கஞ்சன்ஜங்கா சிவக்கத் தொடங்கியதும் செல்ஃபோன்கள் உயர்கின்றன. மலைத்தொடர் முழுவதையும் அள்ளிவிடும் ஆசையில் பலர் பனோரமா வசதியைத் தட்டி, ஃபோனை இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துகிறார்கள். படம் பிரமாதமாக வருகிறது. சிக்கல் அதை இன்ஸ்டாகிராமில் ஏற்றும்போதுதான். ஒன்று, இரு பக்கச் சிகரங்களையும் வெட்டி எறிந்துவிட்டு நடுப்பகுதியை மட்டும் காட்டலாம். அல்லது மேலும் கீழும் வெற்றிடம் விட்டு, மொத்த இமயத்தையும் ஒரு ரிப்பன் அளவுக்குச் சுருக்கலாம். வாரணாசியின் படித்துறைகளுக்கும் மும்பை மெரைன் டிரைவின் வளைவுக்கும் ஹம்பியின் பாறைக் குன்றுகளுக்கும் இதே கதிதான்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. படத்தை மூன்று அல்லது ஐந்து சம துண்டுகளாக வெட்டி, ஒரே போஸ்ட்டில் அடுத்தடுத்த ஸ்லைடுகளாக வைப்பது. பார்ப்பவர் விரலால் தள்ளத் தள்ள, ஒரு துண்டின் விளிம்போடு அடுத்த துண்டின் விளிம்பு ஒட்டிக்கொண்டு வருகிறது. ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதுபோல் காட்சி நகர்கிறது. ஊர் சுற்றிப் படமெடுப்பவர்கள் தொடங்கிவைத்த உத்தி இன்று கல்யாண ஸ்டூடியோக்கள் வரை வந்துவிட்டது. ஐந்தரை மீட்டர்ப் புடவையை முந்தானையில் தொடங்கி உடல்வரை விரித்துக்காட்ட விரும்பும் வியாபாரிக்கும் இது கைகொடுக்கிறது.

ஜன்னல் வளர்ந்த கதை

2010 அக்டோபரில் அறிமுகமானபோது இன்ஸ்டாகிராமில் சதுரப் படத்துக்கு மட்டுமே இடம். 2015 ஆகஸ்டில்தான் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்து, நெட்டைப் படமும் அகலப் படமும் உள்ளே வந்தன. அப்போதும் அகலம் உயரத்தைப்போல 1.91 மடங்கைத் தாண்டக் கூடாது என்று எல்லை வகுத்தார்கள். 2017 பிப்ரவரியில் ஒரே போஸ்ட்டில் 10 படங்கள் வரை வைக்கும் வசதி வந்தது. ஓர் உல்லாசப் பயணத்தின் பத்துப் படங்களை ஒன்றாகப் போடுவதற்கான ஏற்பாடு அது. ஒரே படத்தைப் பத்தாக்கவும் அதைப் பயன்படுத்தலாம் என்று கண்டுபிடித்தவர்கள் பயனாளிகள்தான். 2024 ஆகஸ்டில் இந்த எண்ணிக்கை 20 ஆனது.

துண்டு போடுவதில் என்ன லாபம்? சுமார் 7 சென்டிமீட்டர் அகலமுள்ள செல்ஃபோன் திரையில், உயரத்தைப்போல மூன்று மடங்கு அகலமுள்ள படத்தை முழுதாக வைத்தால் அதன் உயரம் 2.3 சென்டிமீட்டர்தான் இருக்கும். அதையே மூன்று சதுரங்களாக வெட்டினால் ஒவ்வொன்றும் 7 சென்டிமீட்டர் உயரம் பெறுகிறது. மொத்தப் பரப்பு ஒன்பது மடங்காகிறது. ரிப்பனில் கடுகாகத் தெரிந்த படகோட்டிக்கு முகம் கிடைக்கிறது.

கத்திக்கு முன் கணக்கு

வெட்டுவது சுலபம். ஒட்டியது தெரியாமல் வெட்டுவதற்குக் கொஞ்சம் கணக்கு வேண்டும். நெட்டை ஸ்லைடுக்குப் பரவலாகப் பயன்படும் அளவு 1080 பிக்சல் அகலம், 1350 பிக்சல் உயரம். அப்படியானால் மூன்று ஸ்லைடுக்கான படம் 3240க்கு 1350 என்ற அளவில் இருக்க வேண்டும். ஐந்து ஸ்லைடு என்றால் 5400க்கு 1350.

சாதாரண 12 மெகாபிக்சல் செல்ஃபோன் படம் 4032 பிக்சல் அகலமும் 3024 பிக்சல் உயரமும் கொண்டது. அதை இரண்டு நெட்டை ஸ்லைடுகளாக்கினால் உயரத்தில் ஆறில் ஒரு பங்குதான் நஷ்டம். மூன்றாக்கினால் 1680 பிக்சல் உயரம் மட்டுமே மிஞ்சும். அதாவது வானத்திலும் தரையிலுமாக 44 சதவீதம் போய்விடும். நான்காக்க ஆசைப்பட்டால் 4320 பிக்சல் அகலம் தேவை. கையில் இருப்பது 4032தான். இல்லாத பிக்சலை இழுத்து நீட்டும்போது படம் மங்கும். ஆகவே சாதாரணப் படத்துக்கு மூன்றுதான் எல்லை. அதற்குமேல் வேண்டுமானால் எடுக்கும்போதே பனோராமாவாக எடுக்க வேண்டும்.

அடுத்து, வேலையின் வரிசை. வெளிச்சம், நிறம் எல்லாவற்றையும் முழுப்படத்தில் சரிசெய்த பிறகே கத்தியை எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு ஒவ்வொரு துண்டையும் ஃபோனின் தானியங்கித் திருத்தத்திடம் ஒப்படைத்தால், அது ஒன்றை வெளுப்பாக்கும், அடுத்ததைக் கறுப்பாக்கும். ஒரே வானம் மூன்று வானமாகிவிடும். தொடுவானம் சாய்ந்திருந்தால் அதையும் முதலிலேயே நிமிர்த்த வேண்டும். ஒற்றைப் படத்தில் கண்ணுக்குத் தெரியாத சாய்வு, ஐந்தாவது ஸ்லைடுக்குள் கடலை மாடியேற்றிவிடும்.

மொத்த அகலம் துண்டுகளின் எண்ணிக்கையால் மீதியின்றி வகுபட வேண்டும் என்பதும் முக்கியம். 4000 பிக்சலை மூன்றால் வகுத்தால் ஒரு பிக்சல் மிஞ்சும். அந்த ஒரு பிக்சல்தான் ஸ்லைடுகளின் நடுவே துள்ளலாகத் தெரிவது. ஃபோட்டோஷாப், இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் ஆகிய மென்பொருள்களில் வழிகாட்டிக் கோடுகள் போட்டு, அந்தக் கோட்டிலேயே வெட்டும் வசதி இருக்கிறது. செல்ஃபோனில் இதற்கென்றே தனிச் செயலிகள் உண்டு. அவற்றில் சில, ஒரு படத்தை வெட்டுவதற்காக ஃபோனில் உள்ள எல்லாப் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். அந்த ஒரு படத்துக்கு மட்டும் அனுமதி கொடுப்பது உத்தமம். வெட்டிய துண்டுகளுக்கு 1, 2, 3 என்று பெயரிட்டு அதே வரிசையில் ஏற்றினால் குழப்பமில்லை.

அன்று ஒட்டினார்கள்

அகலக் காட்சியைத் துண்டு துண்டாகக் கையாள்வது செல்ஃபோன் காலத்துக் கண்டுபிடிப்பல்ல. 1858ல் இந்தியாவுக்கு வந்த ஃபெலிச்சே பியாட்டோ, தில்லி ஜாமா மஸ்ஜிதின் உயரத்திலிருந்து நகரத்தைப் பகுதி பகுதியாகப் படமெடுத்துப் பனோராமாவாக இணைத்தார். அப்போதுதான் 1857 எழுச்சி அடக்கப்பட்டிருந்தது. அதைத் தொடர்ந்து செங்கோட்டையையும் ஜாமா மஸ்ஜிதையும் சுற்றியிருந்த கட்டடங்களைப் பிரிட்டிஷார் பெருமளவில் இடித்துத் தள்ளினார்கள். மசூதியையோ கோட்டையையோ மட்டும் ஒற்றைப் படமாக எடுத்திருந்தால், அவற்றைச் சுற்றிப் பரந்திருந்த ஊர் சட்டத்துக்கு வெளியே போயிருக்கும்.

அதே 1858ல் மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப் தஞ்சைப் பெரிய கோயிலில் வேறு மாதிரியான அகலத்தை எதிர்கொண்டார். விமானத்தின் அடிப்பகுதியில் நீண்டு ஓடும் கல்வெட்டு எந்தக் கேமராவின் ஒரே சட்டத்திலும் அடங்காது. டிரைப் அதைத் துண்டு துண்டாகப் படமெடுத்து, 21 பிரதிகளை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள சுருளாக்கினார். இன்றைய இன்ஸ்டாகிராம் அனுமதிக்கும் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம்!

ஒட்டுவதற்கும் வெட்டுவதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. ஒட்டுபவருக்கு ஒவ்வொரு படத்தின் ஓரமும் அடுத்த படத்தில் கொஞ்சம் திரும்ப வர வேண்டும். செல்ஃபோனின் பனோரமா வசதியும் இப்படித்தான் வேலை செய்கிறது: பொதுவான ஓரத்தைத் தேடிப் பிடித்து ஒன்றாக்குகிறது. வெட்டுபவருக்கோ ஒரு பிக்சல்கூடத் திரும்ப வரக் கூடாது; ஒரு பிக்சல்கூட விட்டுப்போகவும் கூடாது.

நீளமான படத்தைப் பகுதி பகுதியாகக் காட்டும் கலையில் ராஜஸ்தானின் போபாக்கள் இன்னும் மூத்தவர்கள். பாபூஜியின் கதை தீட்டப்பட்ட சுமார் 15 அடி நீளத் திரைச்சீலையை இரவில் விரித்து, போபா பாடுவார். எந்தக் கட்டம் பாடப்படுகிறதோ அந்த இடத்துக்கு மட்டும் அவர் மனைவி விளக்கைக் கொண்டுபோவார். கதை முழுதும் எதிரே இருந்தாலும் கண்ணுக்குக் கிடைப்பது விளக்கு விழும் இடம்தான். விரலால் தள்ளும் ஸ்லைடும் ஒரு வகையில் அந்த விளக்குதான். ஒவ்வொரு வெளிச்சத்திலும் பார்க்க ஏதாவது இருந்தாக வேண்டும் என்ற பாடமும் அங்கிருந்தே கிடைக்கிறது. ஐந்து ஸ்லைடில் மூன்று வெறும் வானம் என்றால், பார்ப்பவர் விரல் பக்கவாட்டில் நகராது. மேலே தள்ளி அடுத்த போஸ்ட்டுக்குப் போய்விடும். ஆறு, சாலை, கோட்டைச் சுவர், தோரணக் கயிறு போல ஏதாவது ஒன்று வெட்டுக்கோட்டைத் தாண்டி ஓடினால் விரல் தானாக அதைத் தொடரும்.

மணமக்களைப் பிரிக்காதீர்கள்

நம் நாட்டில் இந்த உத்தி உண்மையான சோதனைக்கு உள்ளாவது மலைகளில் அல்ல, க்ரூப் ஃபோட்டோவில். கல்யாணப் படத்தில் மணமக்கள் நட்டநடுவே நிற்பார்கள். அதை இரண்டாகவோ நான்காகவோ வெட்டினால் வெட்டுக்கோடு சரியாக அவர்களுக்கு நடுவே விழும். மாப்பிள்ளை ஒரு ஸ்லைடில், பெண் அடுத்ததில். மொய் எழுதும்போது மட்டுமல்ல, இங்கும் ஒற்றைப்படைதான் ராசி. மூன்றாக வெட்டினால் நடு ஸ்லைடு அவர்களுடையது. அதன்பின் இரண்டு வெட்டுக்கோடுகளும் யார் முகத்திலாவது விழுகின்றனவா என்று பார்க்க வேண்டும். விழுந்தால் முழுப்படத்தையும் இடப்புறமோ வலப்புறமோ சற்று நகர்த்தி, இருவர் தோளுக்கு இடையே கோடு போகும்படி செய்யலாம். இடைவெளியே இல்லாமல் நெருக்கி நின்றிருந்தால் வெட்டாமல் விடுவதே மரியாதை. பாதி முகத்துடன் வலம்வர யாரும் சம்மதிப்பதில்லை.

முன்பு பலர் வேறொரு வேலையும் செய்தார்கள். படத்தை ஒன்பது சதுரங்களாக வெட்டி, ஒன்பது தனித்தனி போஸ்ட்டுகளாகக் கடைசித் துண்டிலிருந்து தலைகீழ் வரிசையில் ஏற்றி, தங்கள் பக்கத்தையே ஒரு பெரிய படமாக மாற்றினார்கள். பத்தாவதாக ஒரு போஸ்ட் போட்டதும் வரிசை நகர்ந்து படம் கலைந்தது. போதாக்குறைக்கு, 2025 ஜனவரியில் இன்ஸ்டாகிராம் அந்தச் சதுரக் கட்டங்களை உயரமான செவ்வகங்களாக மாற்றியது. பார்த்துப் பார்த்து அடுக்கியவர்களின் ஒட்டுப்படங்கள் ஒரே நாளில் உருக்குலைந்தன. ஒரே போஸ்ட்டுக்குள் அடுக்கிய ஸ்லைடுகளுக்கு இந்த ஆபத்து குறைவு. எப்படியானாலும் வெட்டாத முழுப்படத்தைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பதே இதன் பாடம். உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போதும் அந்த முழுப்படத்தை ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

பார்வையற்றவர்களையும் மறந்துவிடக் கூடாது. படத்தை விவரிக்கும் வாசகத்தைச் சேர்க்கும் வசதியை இன்ஸ்டாகிராம் 2018ல் கொண்டுவந்தது. அவர்களின் ஃபோன் அந்த வாசகத்தை உரக்கப் படித்துக்காட்டும். துண்டு போட்ட படத்தில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் தனி விவரம் வேண்டும். இல்லாவிட்டால் அவர்களுக்குக் கிடைப்பது தொடர்பற்ற மூன்று படங்கள்தான்.

இனி, ஓரத்தில் நிற்பவர்கள். பள்ளியிலோ அலுவலகத்திலோ பிரிவுபசாரப் படம் எடுக்கும்போது நாற்காலி யாருக்கு, நிற்பது யார், எந்தப் பக்கம் என்பதெல்லாம் சொல்லாமலே தீர்மானமாகிவிடும். தலைமை ஆசிரியரும் மேலதிகாரியும் நடுவில். புதிதாகச் சேர்ந்தவர், சமையல்கார அம்மா, ப்யூன், வாட்ச்மேன் எல்லாம் இரு ஓரங்களில். சுவரில் மாட்டிய அகலச் சட்டத்தில் அவர்களுக்கும் இடம் இருந்தது. செல்ஃபோன் திரைக்காக நடுவை மட்டும் வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டும்போது முதலில் காணாமல் போகிறவர்கள் அவர்கள்தான். யாரும் திட்டமிட்டுச் செய்வதில்லை. படம் பொருந்தவில்லை, வெட்டினோம், அவ்வளவுதான். அந்தப் போஸ்ட்டைத் தன் பேரப்பிள்ளைக்குக் காட்ட நினைக்கும் வாட்ச்மேனுக்கு அது அவ்வளவு சின்ன விஷயமாக இருக்காது.

மூன்று ஸ்லைடு இந்த அநியாயத்தைத் தவிர்க்கிறது. ஓரத்தில் நிற்பவருக்கும் மேலதிகாரிக்கும் ஒரே அளவு திரை. முழுக்கூட்டத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டுமே என்றால், மேலும் கீழும் வெற்றிடம் விட்டு முழுப்படத்தையும் நான்காவது ஸ்லைடாக வைத்துவிடலாம். ஒரு வேடிக்கையும் இதில் இருக்கிறது. ஸ்லைடுகள் இடமிருந்து வலமாகத்தான் ஓடும். ஆகவே போஸ்ட்டைத் திறந்ததும் முதலில் தெரிவது நாற்காலியில் இருக்கும் மேலதிகாரியல்ல. இடது கோடியில் கைகட்டி நிற்கும் வாட்ச்மேன்.