கூட்டுப்பெயர்கள்: தமிழ், ஆங்கிலம், ஜெர்மன்

இரண்டு பெயர்ச்சொற்கள் இணைந்து ஒரு பொருளுக்குப் புதுப்பெயர் ஆவது கூட்டுப்பெயர் எனப்படும். ஆவடியை அடுத்த பருத்திப்பட்டு என்னும் ஊர்ப்பெயரும் அத்தகையதே. புதிதாகக் கேட்பவருக்குப் பட்டுத்துணி நினைவுக்கு வரலாம். ஆனால் இங்குள்ள பட்டு, சிற்றூரைக் குறிக்கும் பழைய சொல். செங்கல்பட்டின் ஈறும் அதுவே. அதில் செங்கல்லும் இல்லை, செங்கழுநீர்ப்பட்டு என்பதே அவ்வாறு திரிந்தது என்பர்.

இம்மூன்று மொழிகளிலும் பொதுவாக இறுதிச்சொல்லே தலைமைச்சொல். மாட்டுப்பால் என்றால் பால், பால்மாடு என்றால் மாடு. ஜெர்மனிலும் 'கூமில்ஷ்' மாட்டுப்பால், 'மில்ஷ்கூ' பால்மாடு. சொல்லின் பாலையும் இறுதிச்சொல்லே முடிவு செய்யும்: 'ஹாண்ட்' (கை) பெண்பால், 'ஷூ' (காலணி) ஆண்பால், ஆகவே 'ஹாண்ட்ஷூ' ஆண்பால். அதன் பொருள் கையுறை. கைக்குக் காலணி என்பது நமக்குச் சிரிப்பூட்டினாலும், உறை என்ற தமிழ்ச்சொல்லே இங்குப் பொருத்தமானது.

பெயரை அப்படியே நம்பவும் முடியாது. ஆங்கிலப் 'பைனாப்பிள்' பைன் மரத்திலும் காய்ப்பதில்லை, ஆப்பிளும் அன்று. முதலில் பைன் மரக் கூம்பைக் குறித்த அச்சொல், தோற்ற ஒற்றுமையால் அன்னாசிக்கு வந்தது. 'ஹாம்பர்கர்' ஹாம்பர்க் நகரின் பெயரால் அமைந்தது. பன்றி இறைச்சியான ஹாமுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

நிலக்கடலையை ஆங்கிலம் 'பீநட்' (பட்டாணிக்கொட்டை) என்கிறது, ஜெர்மன் 'ஏர்ட்நுஸ்' (மண்கொட்டை) என்கிறது. தாவரவியலில் அது கொட்டை வகை அன்று. பட்டாணி, கொண்டைக்கடலை ஆகியவற்றின் குடும்பம். தமிழ் அதைக் கடலை என்றது சரியே. ஆனால் வேர்க்கடலை என்ற பெயர் சற்றுப் பிசகு. பூ கருவுற்றபின் அதன் காம்பு போன்ற பகுதி மண்ணுக்குள் இறங்கிக் காயாகிறது, வேரில் காய்ப்பதில்லை.

இணைக்கும் முறையில்தான் மாணவர் தடுமாறுவர். ஜெர்மன் சொற்களைச் சேர்த்தே எழுதும், சில இடங்களில் நடுவே 'ஸ்' அல்லது 'என்' சேர்க்கும்: 'கிராங்க்' (நோயுற்ற), 'ஹவுஸ்' (வீடு) சேர்ந்து 'கிராங்கன்ஹவுஸ்', அதாவது மருத்துவமனை. ஆங்கிலத்தில் ஒழுங்கான விதி இல்லை. 'பட்டர்ஃபிளை' ஒன்றாகவும் 'ஐஸ் கிரீம்' பிரிந்தும் நிற்கின்றன. தமிழில் புணர்ச்சி இணைக்கிறது. மரம், பெட்டி சேர்ந்தால் மரப்பெட்டி. மகரம் கெட்டு ஒற்று மிகும். 'பருத்திபட்டு' என்று எழுதுவோரும் உண்டு. இடையில் 'ப்' வருவதே முறை.