கம்பாலா செல்வோர் கவனத்திற்கு

ஓசூரில் உருவாகும் டி.வி.எஸ். இருசக்கர வண்டிகள் இன்று ஆப்பிரிக்க நாட்டுச் சாலைகளிலும் ஓடுகின்றன. வண்டி சென்ற வழியே தொழிலறிந்த கைகளும் செல்வது இயல்பே. நாகரசம்பட்டிப் பக்கத்துக் குடும்பமொன்றின் பிள்ளை, வேலையின் பொருட்டோ, 1886 ஜூன் 3-ஆம் நாள் புனித சார்லஸ் லுவாங்கா தீக்கிரையான நமுகொங்கோ திருத்தலத்தைக் காணும் பொருட்டோ, உகாண்டாவின் தலைநகராகிய கம்பாலாவுக்குப் புறப்படக்கூடும். அவனுக்கும், அவனை வழியனுப்பும் பெற்றோர்க்கும் சில செய்திகள்.

முதலாவது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. இந்நோய் நம் நாட்டில் இதுவரை கால்கொண்டதில்லை; ஆனால் அதனைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நம் வீட்டுத் தண்ணீர்த் தொட்டிகளிலேயே பெருகுகிறது. ஆதலால்தான் நம் அரசு இதில் இத்துணைக் கண்டிப்புக் காட்டுகிறது. சான்றேடின்றித் திரும்புவோர் ஆறு நாள்வரை தனிமையில் வைக்கப்படலாம். உகாண்டாவும் உள்ளே நுழைவோரிடம் இச்சான்றைக் கேட்கிறது. சாதாரண மருந்தகங்களில் இவ்வூசி கிடையாது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் போன்ற, அரசு குறித்த மையங்களிலேயே போடப்படும். போட்ட பத்தாம் நாளிலிருந்தே சான்று செல்லும் என்பதால், பயணச்சீட்டு வந்த பின் ஓடுவதில் பயனில்லை. 2016 முதல் ஒரே ஊசி வாழ்நாள் முழுமைக்கும் போதும் என ஏற்கப்பட்டுள்ளது. கருவுற்றோரும் முதியோரும் முன்னரே மருத்துவரைக் கலந்துகொள்க.

அடுத்தது மலேரியா. இங்கேதான் பலர் ஏமாந்து போகின்றனர். கம்பாலா ஏறக்குறைய 1,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் ஓசூரைவிடவும் உயரம். காற்று இதமாக வீசும். மேட்டு நிலமாயிற்றே, கொசு ஏது என்று தோன்றும். இன்னும் உயரத்திலுள்ள நைரோபியிலும் அடிஸ் அபாபாவிலும் மலேரியா அரிதென்பது உண்மை. ஆனால் கம்பாலாவில் அது ஆண்டு முழுவதும் உண்டு. அதுவும் மூளையைத் தாக்கி உயிரைப் பறிக்கவல்ல பால்சிபாரம் வகை. வீட்டில் எஞ்சியுள்ள குளோரோகுயின் மாத்திரைகள் அதற்கு உதவா. மருத்துவர் தரும் தடுப்பு மாத்திரையைப் புறப்படுமுன் தொடங்கி, திரும்பிய பின்னும், மருந்திற்கேற்ப ஒரு வாரமோ நான்கு வாரமோ தவறாது உட்கொள்ள வேண்டும். மலேரியாக் கொசு கடிப்பது அந்தி முதல் விடியல் வரை. ஆகவே இரவில் கொசுவலை இன்றியமையாதது.

இனிப் பயணம். அந்நகரில் ஆளேற்றிச் செல்லும் மோட்டார் சைக்கிளுக்கு ‘போடா போடா’ என்று பெயர். தமிழ்க் காதுக்குச் சிரிப்பு வரும். ‘பார்டர்’ என்னும் ஆங்கிலச் சொல் மருவியதாம். கென்ய எல்லையில் பயணிகளை ஏற்றித் திரிந்த மிதிவண்டிக்காரர் இட்ட கூவல் அது. எல்லையோரத்தாராகிய நமக்கு அது விளங்காததன்று! தலைக்கவசம் இல்லாத வண்டியில் ஏறற்க. இரவில் அவ்வண்டியையே நாடற்க. கைப்பேசியைத் தெருவில் நீட்டிப் பிடித்து நிற்பதும் நன்றன்று.

தண்ணீரைக் கொதிக்கவைத்தே பருகுக. நமுகொங்கோவில் பக்தியோடு முகந்துவரும் நீருக்கும் இது பொருந்தும். விக்டோரியா ஏரி கண்ணைக் கவரும். ஆயினும் அதன் கரையோர நீரில் நத்தைகள் வழிப் பரவும் புழு, தோலைத் துளைத்து உடம்பினுள் புகுந்துவிடும். கரையில் நின்று காண்பதே போதும்.

ஊர் திரும்பிய பின்னரும் எச்சரிக்கை தேவை. இரண்டு வாரமோ, இரண்டு மாதமோ கழித்துக் காய்ச்சல் வரலாம். ‘ஊர் மாற்றம், களைப்பு’ என்று கஷாயம் வைத்துக் காத்திருக்கும் இரண்டு நாளில் நோய் முற்றிவிடும். கிருஷ்ணகிரியிலோ தருமபுரியிலோ எந்த மருத்துவரிடம் சென்றாலும், “உகாண்டாவிலிருந்து வந்தேன்” என்பதையே முதலில் சொல்ல வேண்டும். கேளாமல் அவர் அறியமாட்டார். இரத்தப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் செய்யப்படுகிறது. முதற் சோதனையில் கிருமி தென்படாது, காய்ச்சலும் தணியாதாயின், மறுநாளும் சோதிக்குமாறு கேட்கத் தயங்க வேண்டாம்.