கம்பெனி போன் கைக்கு வந்த முதல் வாரம்

திருப்பூர் பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், சரவணம்பட்டி ஐ.டி. நிறுவனத்தில் புதிதாகச் சேர்ந்த பொறியாளர், பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் லைன் போகிற மருந்துப் பிரதிநிதி, ஈரோட்டுத் தெருக்களில் வாரத் தவணை வசூலிக்கிற மைக்ரோ பைனான்ஸ் ஊழியர், கிராமத்து அங்கன்வாடிப் பணியாளர். வேலைகள் வேறு வேறு. ஆனால் இவர்களில் பலருடைய கையில் அலுவலகம் கொடுத்த ஸ்மார்ட்போன் ஒன்று இருக்கிறது. அவர்களே கடைக்குப் போய்ப் பார்த்துப் பேரம் பேசி வாங்கிய போன் அல்ல அது. பழகிய போனில் ஒரு பக்கம் இருந்த பட்டன் இதில் இன்னொரு பக்கம் இருக்கும். கீபோர்டு வேறு மாதிரி இருக்கும். “ஏனுங்க, இதுல எடுத்த போட்டோ எங்கீங்க போகுது?” என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்டுக் கேட்டே முதல் சில நாட்கள் கழியும்.

அந்தச் சில நாட்களில்தான் பெரிய விஷயங்கள் முடிவாகிவிடுகின்றன. எந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறோம், எந்த ஜிமெயில் கணக்கை உள்ளே ஏற்றுகிறோம், வங்கிக்கு எந்த நம்பரைக் கொடுக்கிறோம் என்பவை எல்லாம் அவசரத்தில் நடந்து முடிகின்றன. பிறகு வருகிற சிக்கல்களில் பெரும்பகுதிக்கு வேர் இங்கேதான்.

காகிதத்திலிருந்து தொடங்கலாம். போனை ஒப்படைக்கும்போது நிறுவனங்கள் வழக்கமாக ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கும். “தொலைந்தாலோ உடைந்தாலோ சம்பளத்தில் பிடித்தம் செய்யச் சம்மதிக்கிறேன்” என்ற வரி அதில் இருப்பதுண்டு. கையெழுத்துப் போட்டாயிற்று, இனி கேள்வி கேட்க முடியாது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. 1936ஆம் ஆண்டின் ஊதியம் வழங்கல் சட்டமும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்திருக்கும் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பும் இந்த இடத்தில் ஒன்றையேதான் சொல்கின்றன. ஊழியரிடம் ஒப்படைத்த பொருள் கெட்டாலோ தொலைந்தாலோ, அது அவருடைய கவனக்குறைவாலோ தவறாலோ நேரடியாக நேர்ந்திருந்தால் மட்டுமே சம்பளத்தில் கைவைக்கலாம். பிடிக்கும் முன் அவர் தன் தரப்பை எடுத்துச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும். உண்மையில் ஏற்பட்ட நட்டத்துக்கு மேல் ஒரு ரூபாயும் பிடிக்கக் கூடாது. மூன்று வருடம் ஓடித் தேய்ந்த போனுக்குப் புதுப் போனின் விலையைக் கேட்பது நட்டக் கணக்கு ஆகாது.

இன்னொரு மாற்றமும் ஊழியருக்குச் சாதகமானது. பழைய சட்டத்தின் பாதுகாப்பு மாதம் 24,000 ரூபாய் வரை ஊதியம் பெறுவோருக்குத்தான் இருந்தது. புதிய சட்டத்தில் அந்த வரம்பு இல்லை. கோவையின் ஐ.டி. ஊழியரும் மேலாளரும்கூட அதன் கீழ் வருகிறார்கள். உரிமை கோர மூன்று ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

போன் கெட்டால் யார் செலவு செய்வது என்ற கேள்வி வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. மகாராஷ்டிரத்தில் 2021 ஆகஸ்டில் அங்கன்வாடிப் பணியாளர்கள் அரசு கொடுத்த ஸ்மார்ட்போன்களைத் திரளாகப் போய்த் திருப்பி ஒப்படைத்தார்கள். 2 ஜிபி ராம் கொண்ட அந்தப் போன்கள் சூடேறின, அடிக்கடி உறைந்து நின்றன. ஊட்டச்சத்து விவரங்களைப் பதிவதற்காக அதே ஆண்டு வந்த போஷன் டிராக்கர் செயலியை அவை தாங்கவில்லை. செயலியில் ஆங்கிலத்தில் பதிவு செய்ய வேண்டியிருந்தது. உத்தரவாதக் காலமும் முடிந்துபோனதால் பழுதுபார்க்கும் செலவு, மிகக் குறைந்த மதிப்பூதியம் வாங்கும் அந்தப் பெண்கள் தலையில் விழுந்தது. அவர்கள் நவீனத்துக்கு எதிரானவர்கள் என்று அப்போது சிலர் பேசினார்கள். உண்மையில் அவர்கள் கேட்டது வேலைக்கு ஏற்ற கருவியும், தங்களுக்குத் தெரிந்த மொழியும்தான். 2025 ஜூலை முதல் வீட்டுக்குக் கொண்டுபோகும் சத்துணவுப் பொருளை வழங்க முக அடையாளப் பதிவு கட்டாயமானபோது பழைய போன்களின் திணறல் மீண்டும் பேச்சானது. 5ஜி போன் வேண்டும் என்ற கோரிக்கை தமிழ்நாட்டு அங்கன்வாடிப் பணியாளர்களிடமிருந்தும் எழுந்தது. கருவியைத் தேர்ந்தெடுத்தவர் ஒருவர், அதன் குறைக்குப் பணம் கட்டுபவர் இன்னொருவர் என்ற நிலை எந்த அலுவலகத்திலும் நியாயம் ஆகாது.

ஆகவே போன் கைக்கு வந்த அன்றே அதன் நிலையைப் பதிவு செய்து வைப்பது நல்லது. திரையில் கீறல் இருக்கிறதா, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது, இது புதியதா அல்லது வேறொருவர் பயன்படுத்தியதா என்று பார்த்து, படம் எடுத்து, மேலாளருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினால் போதும். *#06# என்று அழுத்தினால் வரும் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் தனியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். பைக்கில் ஊர் சுற்றுபவர்களுக்கு ஒரு செய்தி: சக்தி மிகுந்த மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு, கைப்பிடியில் நேரடியாகப் பொருத்திய ஐபோனின் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021இல் எச்சரித்திருக்கிறது. மேப் பார்க்க அலுவலகமே கைப்பிடியில் மாட்டச் சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது, இந்தப் போன் வழியாக நிறுவனம் எதையெல்லாம் பார்க்கிறது என்பது. இதில் வீண் பயமும் வீண் தைரியமும் ஒரே அளவில் உலவுகின்றன. ஆண்ட்ராய்டில் நிறுவனங்கள் போனைப் பெரும்பாலும் இரண்டு விதமாக அமைக்கின்றன. ஒன்று, போன் முழுவதும் நிறுவனத்தின் பிடியில் இருக்கும். என்னென்ன ஆப் இருக்கிறது என்று பார்க்கலாம், வேண்டாததைத் தடுக்கலாம், எங்கோ உட்கார்ந்தபடி மொத்தத்தையும் அழிக்கலாம். மற்றொன்றில் வேலைக்கென்று தனிப் பகுதி இருக்கும். அந்தப் பகுதி ஆப்களின் மேல் சின்னதாக ஒரு பெட்டிக் குறி தெரியும். அதற்கு வெளியே இருக்கும் சொந்தப் படங்களும் பேச்சுகளும் நிறுவனத்தின் கண்ணில் படாது. செட்டிங்ஸில் பாதுகாப்பு, தனியுரிமைப் பகுதிக்குள் போனால், உங்கள் நிறுவனம் எவற்றைப் பார்க்கலாம், எவற்றை மாற்றலாம் என்று போனே சொல்லும் பக்கம் ஒன்று இருக்கும். ஐபோனில் ‘ஜெனரல்’ என்பதற்குள் ‘விபிஎன் அண்ட் டிவைஸ் மேனேஜ்மென்ட்’. பத்து நிமிடம் ஒதுக்கி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டால், நண்பர்கள் சொல்லும் பாதிக் கதைகள் தேவைப்படாது.

பார்க்க முடிகிறது என்பதற்காக எதையும் பார்க்கலாமா? பல நாட்டு நீதிமன்றங்கள் இந்தக் கேள்வியோடு பல ஆண்டுகளாக மல்லாடியிருக்கின்றன. அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தின் ஒன்டாரியோ நகரக் காவல் அதிகாரி குவான், துறை கொடுத்த பேஜரில் சொந்தச் செய்திகளையும் அனுப்பினார். துறை அவற்றை எடுத்துப் படித்தது. அது நியாயமான சோதனைதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. ருமேனியாவின் பர்புலெஸ்கு வழக்கு வேறு திசையில் போனது. வேலைக்காகத் தொடங்கிய யாஹூ மெசஞ்சர் கணக்கில் சொந்தப் பேச்சும் இருந்ததைக் காட்டி ஊழியர் பர்புலெஸ்குவை வேலையிலிருந்து நீக்கினார்கள். கண்காணிப்பு எந்த அளவுக்கு இருக்கும் என்று முன்கூட்டியே அவருக்குச் சொல்லப்படவில்லை என்பதைக் குறிப்பிட்டு, அவருடைய தனிவாழ்வு உரிமை மீறப்பட்டது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 செப்டம்பரில் தீர்ப்பளித்தது.

அதற்குச் சில நாட்கள் முன்புதான், 2017 ஆகஸ்ட் 24 அன்று, புட்டசாமி வழக்கில் நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று அறிவித்தார்கள். அதைத் தொடர்ந்து வந்தது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வரும். இந்தச் சட்டத்தில் ஊழியர்கள் அறிந்திருக்க வேண்டிய ஓட்டை ஒன்று உண்டு. வேலை தொடர்பான நோக்கத்துக்கும், நிறுவனத்தை நட்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவைச் சம்மதம் கேட்காமலே பயன்படுத்த அது இடம் தருகிறது. ஆனாலும் அந்த இடம் வேலையோடு நின்றுவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை மருதமலைக்குக் குடும்பத்தோடு போனதை ஜிபிஎஸ்ஸில் பார்த்து மேலாளர் திங்கட்கிழமை விசாரித்தால், அதில் வேலை எங்கே இருக்கிறது என்று திருப்பிக் கேட்க ஊழியருக்கு முழு நியாயம் உண்டு.

இதையெல்லாம்விட அதிகம் கவனிக்க வேண்டியது சிம் கார்டு. கம்பெனி கொடுத்த சியூஜி நம்பர் எப்போதும் கையில் இருக்கிறது, ரீசார்ஜும் அவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள் என்று வங்கிக் கணக்கு, ஆதார், யுபிஐ, கேஸ் புக்கிங் எல்லாவற்றுக்கும் அதையே கொடுத்துவிடுகிறவர்கள் நிறையப் பேர். வேலையை விடும் நாளில் அந்த சிம்மைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். இணைப்பு துண்டிக்கப்பட்ட நம்பரைத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் 90 நாட்கள் வரை வேறு வாடிக்கையாளருக்குத் தருவதில்லை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2023இல் உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. கம்பெனி சிம்முக்கு அந்த இடைவெளியும் கிடையாது. அந்த நம்பர் துண்டிக்கப்படுவதே இல்லை. மறுநாளே புதிதாகச் சேர்ந்தவர் கைக்குப் போய்விடும். முன்னவருடைய வங்கி ஓடிபி அவருக்கு வரும்.

சொந்த நம்பர் ஒன்றை வைத்துக்கொண்டு, பணமும் அடையாளமும் சார்ந்த எல்லாவற்றையும் அதில் மட்டும் இணைப்பதுதான் பாதுகாப்பு. ஏற்கெனவே கம்பெனி நம்பரைக் கொடுத்துவிட்டவர்கள் வேலையில் இருக்கும்போதே மாற்றிவிட வேண்டும். ஆதாரில் நம்பரை மாற்ற அஞ்சல்காரரை வீட்டுக்கே அழைக்கும் வசதி 2021 முதல் இருக்கிறது. நிறுவனங்களுக்கான இணைப்புகளில் சிம்மை யார் பயன்படுத்துகிறாரோ அவருடைய அடையாள விவரத்தையும் பதிவு செய்ய வேண்டும் என்று 2023இல் அரசு விதி கொண்டுவந்தது. ஆகவே வேலையை விடும்போது பயனர் பதிவிலிருந்து தன் பெயரை நீக்கச் சொல்லி எழுத்தில் கேட்பதும், தன் பெயரில் எத்தனை இணைப்பு இருக்கிறது என்பதைத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் பார்த்துக்கொள்வதும் அவசியம்.

இவ்வளவு எச்சரிக்கை சொன்னதால் கம்பெனி போன் என்றாலே தொல்லை என்று ஆகிவிடாது. பழகாத போனின் பலங்கள் பலருக்குத் தெரியாமலே போகின்றன. திரை முழுவதையும் தமிழுக்கு மாற்றலாம். கீபோர்டின் மைக்கை அழுத்தித் தமிழில் பேசினால் எழுத்தாகிவிடும். நாற்பது வீட்டு விவரத்தைத் தட்டித் தட்டி ஏற்றும் பணியாளருக்கு இது எவ்வளவு நேரத்தை மிச்சப்படுத்தும் என்று சொல்லித்தான் தெரிய வேண்டுமா? கண் பார்வை மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கலாம். வேலைக்கென்று தனிப் பகுதி உள்ள போனில், மாலையில் அந்தப் பகுதியை ஒரே தட்டில் நிறுத்தி வைக்கலாம். காலையில் திறக்கும் வரை எந்த வேலை அறிவிப்பும் வராது. நிறுவனம் நிர்வகிக்கும் போனில் திரைப்பூட்டும் பாதுகாப்பு அப்டேட்டும் கட்டாயமாக இருப்பது, கண்ட லிங்க்கிலிருந்து ஏதோ ஒரு ஏபிகே கோப்பு உள்ளே இறங்கிப் பணத்தைத் துடைத்துக்கொண்டு போவதையும் ஓரளவு தடுக்கிறது. வீட்டுப் போனுக்கும் அந்தப் பழக்கத்தைக் கொண்டுபோவது நல்லது. பயிற்சி கேட்பதில் கூச்சமே வேண்டாம். கருவியைக் கொடுத்தவர் அதைச் சொல்லிக்கொடுக்கவும் கடமைப்பட்டவர்.

காந்திபுரம் பேருந்து நிலைய நெரிசலில் போன் காணாமல் போனால் முதலில் அலுவலக ஐ.டி. பிரிவுக்குச் சொல்ல வேண்டும். அவர்களால் உடனே போனைப் பூட்ட முடியும். எத்தனை மணிக்குச் சொன்னோம் என்ற பதிவு, கவனக்குறைவு என்ற குற்றச்சாட்டு வரும்போது ஊழியருக்குக் கைகொடுக்கும். பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்க வேண்டும். அந்தப் புகார் நகல், வாங்கிய பில், ஐ.எம்.இ.ஐ. எண் ஆகியவற்றோடு சஞ்சார் சாத்தி தளத்தின் சி.இ.ஐ.ஆர். பகுதியில் பதிந்தால் அந்தப் போன் நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாது. பில் நிறுவனத்திடம்தான் இருக்கும் என்பதால் இந்த வேலையில் அவர்களுக்கும் பங்கு உண்டு. பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணம் கைமாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

நியாயமில்லாமல் சம்பளத்தில் பிடித்துவிட்டால் முதலில் மனிதவளப் பிரிவுக்கு எழுத்தில் கேள்வி கேட்க வேண்டும். பதில் இல்லையென்றால் கோவையில் உள்ள தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம். அரசு கொடுத்த போன் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணைக்கு வரும். பத்து ரூபாய் கட்டணத்தில் உத்தரவாதக் காலம் எவ்வளவு, பழுதுக்கு எவ்வளவு நிதி ஒதுக்கப்பட்டது என்று கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர்களைத் தன்னார்வலர்கள் என்று சொல்லித் தட்டிக்கழிக்கும் வாதம் முன்பு போல எடுபடாது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் 15100 என்ற எண்ணில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே இலவச சட்ட உதவி கிடைக்கும்.

போனைத் திருப்பிக் கொடுக்கும் நாளுக்கும் ஒரு முறை இருக்கிறது. சொந்தப் படங்களையும் தொடர்பு எண்களையும் முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும். அலுவலகக் கோப்புகளில் கைவைக்கக் கூடாது. அவற்றை அழித்தால் வீண் வழக்கு வரும். வாட்ஸ்அப்பில் ‘லிங்க்டு டிவைசஸ்’ பார்த்து வெளியேற வேண்டும். சொந்த கூகுள் கணக்கைச் செட்டிங்ஸுக்குள் போய் முறைப்படி நீக்கிவிட வேண்டும். நீக்காமல் கொடுத்தால், ரீசெட் செய்தபின் போன் அதே கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்டுப் பூட்டிக்கொள்ளலாம். பிறகு போனைக் கெடுத்துவிட்டார் என்று கடைசி மாதச் சம்பளத்தை நிறுத்தி வைப்பார்கள். ஐ.எம்.இ.ஐ. எண், சார்ஜர், போனின் நிலை, தேதி எல்லாம் எழுதிய ஒப்புகைச் சீட்டில் வாங்குபவரின் கையெழுத்தும் முத்திரையும் விழுந்த பிறகே போனை மேசையில் வைக்க வேண்டும்.