நாளைய தேர்வுரிமைக்கு இன்றைய விலை

2013ஆம் ஆண்டு ஜூன் 27 அன்று இரவு, நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் உள்ள பார்க்ளேஸ் சென்டர் அரங்கில், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்காகிய என்.பி.ஏ., அவ்வாண்டுக்குரிய இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியை நடத்திக்கொண்டிருந்தது. அவ்வரங்கைத் தன் சொந்தக் களமாகக் கொண்ட புரூக்ளின் நெட்ஸ் அணி, பாஸ்டன் செல்டிக்ஸ் அணியுடன் பெரியதொரு பரிமாற்றத்துக்கு உடன்பட்டுள்ளது என்ற செய்தி அதே இரவில் வெளியாயிற்று. பாஸ்டனிடமிருந்து கெவின் கார்னெட், பால் பியர்ஸ், ஜேசன் டெர்ரி முதலிய வீரர்கள் வருவார்கள். பதிலுக்குப் புரூக்ளின் தருவது ஐந்து வீரர்களையும், 2014, 2016, 2018 ஆகிய ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுரிமைகளையும், 2017இல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும்.

வங்கியின் இதழில் கூடைப்பந்துக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். கடன் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றிய நமக்கு, அவ்வொப்பந்தத்தின் நிபந்தனைகள் விளையாட்டுச் செய்தியாகத் தோன்றவில்லை. நம் மேசைக்கு வந்ததொரு கடன் விண்ணப்பமாகவே தோன்றின. எதிர்காலத்தை ஈடாக வைத்து இன்றைய தேவையை நிறைவேற்றிக்கொள்ளும் எவரும் அறிந்திருக்க வேண்டிய ஒரு நுட்பம் அதில் அடங்கியிருக்கிறது.

முதலில் முறையைச் சுருக்கமாகக் கூறிவிடுவோம். 'டிராஃப்ட்' என்றதும் நம் வாடிக்கையாளர்களுக்கு வரைவோலைதான் நினைவுக்கு வரும், இது வேறு. என்.பி.ஏ.யில் 30 அணிகள் உள்ளன. கல்லூரிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் புதிய வீரர்களை, ஆண்டுக்கொரு முறை, இரண்டு சுற்றுகளில் அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கின்றன. வரிசை தலைகீழானது: மோசமாக ஆடிய அணிக்கு முன்னிடம், சிறப்பாக ஆடிய அணிக்குப் பின்னிடம். வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்கும் பொருட்டு, 1985 முதல் முன்னிடங்கள் குலுக்கல் மூலம் தீர்மானிக்கப்படுகின்றன. நாம் பேசும் ஆண்டுகளில், கடைசி இடம் பெற்ற அணிக்கு முதல் தேர்வு கிடைக்கும் வாய்ப்பு 25 விழுக்காடாக இருந்தது. 2019 முதல் அது 14 விழுக்காடாகக் குறைக்கப்பட்டுவிட்டது.

முதல் சுற்றில் தேர்வாகும் இளைஞருக்கு லீக் வகுத்த அளவிலேயே ஊதியம் அமைகிறது. ஒப்பந்தம் நான்கு ஆண்டுகள் வரை நீளும். பின்னிரண்டு ஆண்டுகளைத் தொடர்வதா என்பது அணியின் விருப்பம். அணிகளின் மொத்த ஊதியத்துக்கு உச்சவரம்பு உள்ள ஒரு தொழிலில், திறமைமிக்க வீரரைக் குறைந்த ஊதியத்தில் நான்காண்டுகள் வைத்துக்கொள்வது எத்துணை இலாபகரமானது என்பதை விளக்க வேண்டியதில்லை. தேர்வுரிமைக்கு விலை ஏற்படுவது இதனால்தான்.

ஆயினும் அது உறுதியான வருமானமன்று. 2013ஆம் ஆண்டின் அதே இரவில் முதலாவதாக அழைக்கப்பட்ட அந்தோணி பென்னட், என்.பி.ஏ.யில் நிலைபெறவில்லை. 15ஆவதாக மில்வாக்கி அணி அழைத்த யானிஸ் ஆண்டெடோகும்போ, பின்னாளில் இருமுறை லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றார். இரண்டாம் சுற்றில் பெரும்பாலும் இன்னும் குறைவான நம்பிக்கையே உண்டு. பஞ்சாபைச் சேர்ந்த சத்னாம் சிங், 2015இல் 52ஆம் இடத்தில் டல்லஸ் அணியால் தேர்வு செய்யப்பட்டு, இவ்வாறு தேர்வான முதல் இந்தியர் என்ற பெருமையைப் பெற்றார், எனினும் என்.பி.ஏ. ஆட்டத்தில் களமிறங்கும் வாய்ப்பு அவருக்கு அமையவில்லை.

மீண்டும் புரூக்ளினுக்கு வருவோம். அணியின் உரிமையாளர் ரஷ்யச் செல்வந்தர் மிகைல் புரோகோரோவ். 2010இல் அணியை வாங்கியபோதே, ஐந்தாண்டுகளுக்குள் வாகை சூடுவோம் என்று அவர் அறிவித்திருந்தார். மூன்றாண்டுகள் கழிந்துவிட்டன. 2012இல்தான் அணி நியூ ஜெர்சியிலிருந்து புரூக்ளினுக்குக் குடிபெயர்ந்திருந்தது. புதிய அரங்கு, புதிய இரசிகர்கள், அவசரம். பியர்ஸும் கார்னெட்டும் 2008இல் பாஸ்டனுக்குக் கோப்பை பெற்றுத் தந்தவர்கள். ஆனால் பரிமாற்றத்தின்போது பியர்ஸுக்கு வயது 35, கார்னெட்டுக்கு 37. தேய்மானம் ஏறக்குறைய முழுவதும் கழிக்கப்பட்டுவிட்ட இயந்திரங்கள் என்று கூறினால் இரசிகர்கள் நம்மைப் பொறுத்தருள்க.

இவ்விடத்தில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்த வேண்டும்: பாதுகாப்பு நிபந்தனை. எதிர்காலத் தேர்வுரிமையை விற்கும் அணி, 'அது முதல் மூன்று இடங்களுக்குள் அமைந்துவிட்டால் எம்மிடமே தங்கும்' என்பது போன்ற விதியைச் சேர்த்துக்கொள்ளலாம். நெட்ஸ் அணிக்கு இது புதிதன்று. 2012 மார்ச்சில் ஜெரால்டு வாலஸ் என்னும் வீரரைப் பெறுவதற்காகப் போர்ட்லேண்டு அணிக்குத் தந்த தேர்வுரிமையில் அத்தகைய விதி இருந்தது. அது முதல் மூன்றுக்குள் வராமல் ஆறாம் இடத்தில் விழுந்தது. போர்ட்லேண்டு அவ்விடத்தில் டேமியன் லில்லார்டைத் தேர்ந்தெடுத்தது. அடுத்த ஆண்டே அவர் சிறந்த புதுமுக வீரராக அறிவிக்கப்பட்டார். போதாத பாதுகாப்பின் விலையை உணர்ந்திருந்த அதே நிர்வாகம், ஓராண்டு கழித்துப் பாஸ்டனுக்குத் தந்த உரிமைகளில் எவ்விதப் பாதுகாப்பும் கோரவில்லை. போதாக்குறைக்கு, ஊதியக் கணக்கைச் சரிக்கட்டப் பாஸ்டனுக்கு அனுப்பப்பட்ட ஐவரில் வாலஸும் ஒருவர்.

ஆண்டுகள் ஏன் ஒன்றுவிட்டு ஒன்றாக அமைந்தன என்பதும் கவனிக்கத்தக்கது. 1980களின் தொடக்கத்தில் கிளீவ்லேண்டு அணியின் உரிமையாளராக இருந்த டெட் ஸ்டீபியன், தேர்வுரிமைகளை அடுத்தடுத்து அள்ளி வழங்கி அணியை நிலைகுலையச் செய்தார். அதன் பின்னர், எதிர்வரும் இரண்டு ஆண்டுகளுக்குத் தொடர்ச்சியாக முதல் சுற்றுத் தேர்வுரிமை இன்றி எந்த அணியும் இருத்தலாகாது என்ற விதி ஏற்பட்டது. இன்றும் அவர் பெயராலேயே அது வழங்குகிறது. கடன் வாங்குவோரை அவர்தம் அவசரத்திலிருந்தே காக்கும் ஒழுங்குமுறை விதிகளை நாம் அன்றாடம் காண்கிறோம், இதுவும் அவ்வினமே. விதிக்குச் சந்து கண்டுபிடிப்போர் எங்கும் உளர். 2017ஆம் ஆண்டின் உரிமையை விற்காமல் 'மாற்றிக்கொள்ளும் உரிமை' என்று எழுதிவிட்டால், புரூக்ளினிடம் ஏதோ ஒரு தேர்வு எஞ்சியிருக்கும், விதி மீறப்படவில்லை.

விளைவுகளைக் காண்போம். 2013-14 பருவத்தில் புரூக்ளின் 44 ஆட்டங்களில் வென்று 38இல் தோற்றது. டொரன்டோவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் இறுதி நொடியில் பியர்ஸ் பந்தைத் தடுத்து ஒரே புள்ளியில் வெற்றி தேடித் தந்தார். அவர்கள் வாங்கிய பொருளின் முழுப் பயன் அந்த ஒரு நொடிதான் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. அடுத்த சுற்றில் மயாமி அவர்களை வெளியேற்றியது. அப்பருவத்துக்கு ஊதிய வரம்பை மீறியமைக்கான வரி மட்டும் ஏறத்தாழ 9 கோடி டாலர். அடுத்த கோடையிலேயே பியர்ஸ் வேறு அணிக்குச் சென்றார். 2015 பிப்ரவரியில் கார்னெட்டும் சென்றார். பொருள் தீர்ந்துவிட்டது, தவணைகள் அப்போதுதான் தொடங்கின.

2014ஆம் ஆண்டின் உரிமை 17ஆம் இடமாக முடிந்தது. அதில் தேர்வான வீரர் நிலைபெறவில்லை. 2015-16இல் புரூக்ளின் வென்றவை 21 ஆட்டங்களே; அவ்வுரிமை மூன்றாம் இடமாகிப் பாஸ்டனுக்கு ஜெய்லன் பிரவுன் கிடைத்தார். 2016-17இல் 20 வெற்றிகள், லீக்கிலேயே கடைசி. குலுக்கலில் புரூக்ளினுக்கு முதலிடம் விழ, பாஸ்டன் மாற்றும் உரிமையைப் பயன்படுத்தி அதனை எடுத்துக்கொண்டது. புரூக்ளினுக்குப் பதிலாகக் கிடைத்தது 27ஆம் இடம். பாஸ்டன் அந்த முதலிடத்தையும் பிலடெல்பியாவுக்குத் தந்து, மூன்றாம் இடத்தையும் மற்றொரு எதிர்காலத் தேர்வுரிமையையும் பெற்று, ஜேசன் டேட்டமைத் தேர்ந்தெடுத்தது. 2018க்குரிய உரிமை, கைரி இர்விங்கைப் பெறும் பரிமாற்றத்தில் கிளீவ்லேண்டுக்குச் சென்றது. 2024இல் பாஸ்டன் கோப்பையை வென்றபோது அணியின் இரு தூண்கள் டேட்டமும் பிரவுனுமே.

புரூக்ளின் செய்த பிழை யாது? முதிய வீரர்களுக்கு மிகுந்த விலை கொடுத்ததே என்பர் பலர். நம் கணிப்பு சற்று வேறு. நகைக்கடன் பெறும் வாடிக்கையாளரின் வருமானம் குறைந்தால், அவர் செலுத்த வேண்டிய தொகை அதனால் கூடிவிடுவதில்லை. புரூக்ளின் எழுதிக் கொடுத்ததோ, தான் நலிய நலியத் தானே பெருகும் கடன். அணி நன்கு ஆடினால் பாஸ்டனுக்குச் செல்வது 25ஆம் இடம், அற்பத் தொகை. அணி வீழ்ந்தால் செல்வது முதலிடம், பெருந்தொகை. அதாவது, கொடுக்க இயலாத வேளையில்தான் மிகுதியாகக் கொடுக்க வேண்டும். ரூபாயில் வருமானம் ஈட்டிக்கொண்டு டாலரில் கடன் பெற்ற நிறுவனங்கள், ரூபாய் சரியும்போது அடையும் இன்னலுக்கு இது நெருங்கிய உறவு. பாதுகாப்பு நிபந்தனை என்பது அவ்விடருக்கான காப்பீடு. அதைத்தான் அவர்கள் கைவிட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. ஒப்பந்தத்தை முடித்த பொது மேலாளர் பில்லி கிங், 2016 ஜனவரியில் அப்பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். பெருந்தவணைகள் முதிர்ந்தபோது அவர் அங்கில்லை. கையொப்பமிடுபவரின் பதவிக்காலம் கடனின் காலத்தைவிடக் குறுகியதாக இருக்கும்போது, தொலைவிலுள்ள ஆண்டுகள் மலிவாகவே தோன்றும்.

மறுபுறம் நின்று வென்றோரும் பலர். 2019இல் ஓக்லஹோமா சிட்டி அணி, பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலஸ் கிளிப்பர்ஸுக்குத் தந்து, ஷாய் கில்ஜியஸ் அலெக்சாண்டருடன் ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைப் பெற்றது. அவற்றுள் ஒன்றில் 2022இல் கிடைத்தவர் ஜேலன் வில்லியம்ஸ். இவ்விருவருடன் அவ்வணி 2025இல் வாகை சூடியது.

புரூக்ளின் பாடம் கற்றதா என்று கேட்டால், விடை சற்று வியப்பூட்டுவது. 2016இல் பொறுப்பேற்ற ஷான் மார்க்ஸ், பிற அணிகள் சுமையெனக் கருதிய ஊதிய ஒப்பந்தங்களை ஏற்றும், எவரும் பொருட்படுத்தாத வீரர்களை வளர்த்தும், 2019இல் அணியை மீண்டும் பிளேஆஃப் சுற்றுக்குக் கொண்டுசென்றார். அவ்வாண்டே கெவின் டுராண்டும் கைரி இர்விங்கும் சேர்ந்தனர். பிறகு 2021 ஜனவரியில், ஜேம்ஸ் ஹார்டனைப் பெறுவதற்காக, ஹூஸ்டன் அணிக்கு மூன்று முதல் சுற்றுத் தேர்வுரிமைகளும் நான்கு மாற்றும் உரிமைகளும் எழுதிக் கொடுக்கப்பட்டன. மீண்டும் ஒன்றுவிட்டு ஒன்றாக ஆண்டுகள். மீண்டும் நடுவே மாற்றும் உரிமைகள். இம்முறை வீரர்கள் உச்சத்தில் இருந்தவர்கள் என்பது உண்மை. ஆயினும் ஹார்டன் 2022 பிப்ரவரியிலும், மற்ற இருவரும் 2023 பிப்ரவரியிலும் வெளியேறினர்.

2024 ஜூனில் நடந்ததுதான் நம் கவனத்தை மிகவும் ஈர்த்தது. மிகல் பிரிட்ஜஸ் என்னும் வீரரை நியூயார்க் நிக்ஸ் அணிக்குத் தந்து, ஐந்து முதல் சுற்றுத் தேர்வுரிமைகளைப் புரூக்ளின் பெற்றது. உடன்நிகழ்வாக, தன்னிடமிருந்த பிற அணிகளின் உரிமைகளை ஹூஸ்டனுக்கு ஈந்து, 2025, 2026 ஆகிய ஆண்டுகளுக்குரிய தன் சொந்த உரிமைகளை மீட்டுக்கொண்டது. வட்டியுடன் அடகுப்பொருளை மீட்கும் காட்சியை நம் கிளைகளில் கண்டவர்களுக்கு இதில் புதுமை இராது. அணி நலியப்போகிறது என்று அறிந்தே, அந்நலிவின் பயன் பிறருக்குச் சென்றுவிடாமல் முதலில் வேலியிட்டார்கள்.

2025 ஜூனில் தேர்வு நிகழ்ச்சி அதே பார்க்ளேஸ் சென்டரில் நடைபெற்றது. முதல் சுற்றில் 8, 19, 22, 26, 27 ஆகிய இடங்களில் புரூக்ளின் தேர்ந்தெடுத்தது. ஒரே முதல் சுற்றில் ஐந்து வீரர்களை எந்த அணியும் அதற்கு முன் தேர்ந்தெடுத்ததில்லை.